செயற்கை நுண்ணறிவும் சட்டமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (வெள்ளவத்தை): ஜேர்மன் நிறுவனமொன்றுக்கு வேலை விண்ணப்பங்களைத் தரப்படுத்தும் மென்பொருள் செய்து கொடுக்கிறோம். அலுவலகமும் சேர்வரும் கொழும்பில்தான். ஐரோப்பியச் சட்டம் எங்களை எப்படிக் கட்டுப்படுத்தும்?

பதில்: கட்டுப்படுத்தும். ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், தயாரித்தவரின் முகவரியைக் கணக்கில் எடுப்பதில்லை. மென்பொருள் ஒன்றியச் சந்தைக்கு வருகிறதா, அதன் முடிவுகள் அங்கே பயன்படுகின்றனவா என்றே பார்க்கிறது. ஆட்சேர்ப்பு மென்பொருள் உயர் ஆபத்துப் பட்டியலில் உள்ளது. அது யாருடைய பெயரில் சந்தைக்கு வருகிறதோ, பெரும்பாலான கடமைகள் அவர் மீதே விழும். ஒப்பந்தத்தில் இது எழுதப்படவில்லை என்றால் உடனே எழுதுங்கள். 2024 ஆகஸ்டில் அமுலுக்கு வந்த இச்சட்டத்தின் எல்லாப் பகுதிகளும் ஒரே நாளில் செயற்படத் தொடங்கவில்லை. உயர் ஆபத்துக் கடமைகளுக்கு முதலில் குறித்த 2026 ஆகஸ்டைப் பிற்போட ஐரோப்பிய ஆணைக்குழு 2025 நவம்பரில் பிரேரித்தது. ஆகவே திகதியைச் சரிபார்க்காமல் கையொப்பமிட வேண்டாம்.

கேள்வி (தெஹிவளை): செயற்கை நுண்ணறிவின் அறநெறி பற்றிய யுனெஸ்கோவின் 2021 பரிந்துரையை மீறிய நிறுவனத்தின் மீது வழக்குத் தொடரலாமா?

பதில்: முடியாது. அது அரசுகளுக்கான பரிந்துரை. செயற்கை நுண்ணறிவு பற்றிச் சட்டப்படி பிணைக்கக்கூடிய முதலாவது சர்வதேச உடன்படிக்கையான, ஐரோப்பிய பேரவையின் (இது ஐரோப்பிய ஒன்றியம் அல்ல, வேறோர் அமைப்பு) 2024 சமவாயம்கூட, அதை ஏற்றுக்கொண்ட நாடுகளையே பிணைக்கும்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): கடன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம் கேட்டால் “சிஸ்டம் ஏற்கவில்லை” என்கிறார்கள். இதைக் கேள்விகேட்க எனக்கு உரிமை இல்லையா?

பதில்: உரிமை எழுதப்பட்டிருக்கிறது, அது மக்கள் கைக்கு வந்து சேர்வதில்தான் இத்தனை தாமதம். தன்னியக்கமாக எடுக்கப்பட்ட முடிவை மீளாய்வு செய்யக் கோரும் உரிமையை எமது 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 18 ஆம் பிரிவு தருகிறது. ஆனால் அது, மீளமுடியாததும் தொடர்ச்சியானதுமான பாதிப்பை ஏற்படுத்தும் முடிவுகளுக்கே என்று குறுகலாக வரையப்பட்டது. அதோடு, 2025 மார்ச்சில் செயற்படத் தொடங்கவேண்டிய பிரதான பகுதிகள் கடைசி நேரத்தில் பிற்போடப்பட்டன. அதே ஆண்டு திருத்தச் சட்டமும் வந்தது. பாராளுமன்றத்தில் நிறைவேறியதும் செய்தி வெளியிட்டு, அமுலாகும் திகதியை யாரும் பின்தொடராமல் விடும் வழக்கம் எனக்குப் பெரும் மனவருத்தம் தருகிறது. உங்களைப் போன்ற ஒருவர் சட்டத்தை நம்பிக் கருமபீடத்துக்குப் போய், அங்கே வாயடைத்து நிற்கவேண்டி வருகிறது.

ஐரோப்பாவில் நிலைமை வேறு. அங்கே 2018 முதல் செயற்படும் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் 22 ஆம் உறுப்புரை, முற்றிலும் தன்னியக்கமான முடிவுகளுக்கு ஒருவர் ஆளாகாதிருக்கும் உரிமையைத் தருகிறது. ஒரு நிறுவனம் கணித்த கடன் புள்ளியை நம்பியே வங்கி பெரும்பாலும் முடிவெடுக்குமானால், அந்தப் புள்ளியிடலே தன்னியக்க முடிவு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2023 டிசெம்பரில், ஷூஃபா என்ற ஜேர்மன் கடன் தகவல் நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில் தீர்த்தது. “சிஸ்டம்தான் சொன்னது, நாங்கள் இல்லை” என்ற சாக்கை அது பெருமளவு அடைத்துவிட்டது. நீங்கள் இப்போது செய்யவேண்டியது: என்ன தரவு பயன்பட்டது, முடிவை மனிதர் யாராவது பார்த்தார்களா என்று எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்திலேயே பெறுங்கள். 18 ஆம் பிரிவு அமுலில் உள்ளதா என்பதை வர்த்தமானியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மருதானை): ஐரோப்பாவில் முகம் பார்க்கும் இயந்திரம் எல்லாம் தடையாமே? எங்கள் வேலைத்தல வருகைப் பதிவு இயந்திரத்தையும் அகற்றச் சொல்லலாமா?

பதில்: வாட்ஸ்அப்பில் வந்ததை வாசித்துவிட்டுக் கேட்கிறீர்கள். ஐரோப்பியச் செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தின் 5 ஆம் உறுப்புரையை ஒருமுறை வாசித்திருந்தாலே போதும். 2025 பெப்ரவரி முதல் அங்கே தடையானவற்றுள் வேலைத்தலத்தில் ஊழியரின் உணர்ச்சிகளை ஊகிப்பது அடங்கும். மருத்துவ, பாதுகாப்புத் தேவைகளுக்கு விலக்கு உண்டு. வருகைப் பதிவுக்காக முகத்தை ஒப்பிடுவது அந்தப் பட்டியலில் இல்லை. முகத்தரவை எவ்வளவு காலம் வைத்திருக்கிறார்கள், யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதே நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி. அதையும் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி (பம்பலப்பிட்டி): என் தங்கையின் முகத்தை வைத்துப் பொய்யான படம் செய்து பரப்புகிறார்கள். தளம் வெளிநாட்டில் உள்ளது. என்ன செய்வது?

பதில்: முதலில் இணைப்பு, நேரம், கணக்கின் பெயர் தெரியும்படி திரைப்பிடிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு, தளத்திடம் அகற்றக் கோருங்கள்; தாமதியாமல் பொலிஸிலும் முறையிடுங்கள். 2015 முதல் இலங்கை புடாபெஸ்ட் சைபர் குற்றச் சமவாயத்தில் பங்காளியாக உள்ளது. அதன்படி, மற்றப் பங்காளி நாட்டில் உள்ள கணினித் தரவை அழியாமல் வைத்திருக்குமாறு எமது அதிகாரிகள் அவசரமாகக் கோரலாம்; அப்படிக் காக்கப்படும் தரவு குறைந்தது 60 நாட்களுக்கு வைக்கப்படும். அந்தக் கோரிக்கையை அதிகாரிகளே விடுக்க முடியும் என்பதால் முறைப்பாட்டு இலக்கத்தைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.