கடன் அட்டை வட்டியிலேயே ஒரு பள்ளிக் கட்டணம் போகிறது

கேள்வி: துபாய் அல் கூசைஸில் வசிக்கிறோம். சம்பளம் 16,000 திர்ஹாம். சி.பி.எஸ்.இ. பள்ளியில் படிக்கும் மகள் ஏப்ரலில் 3-ம் வகுப்பு போகிறாள். ஆண்டுக் கட்டணம் 11,500. பிரிட்டிஷ் பள்ளி ஒன்றில் செப்டம்பருக்கு 'இயர் 4' (3-ம் வகுப்புக்குச் சமம்) இடம் கிடைத்திருக்கிறது, கட்டணம் 42,000. முன்பணத்தை இந்த வாரமே கட்டச் சொல்கிறார்கள். கடன் அட்டையில் 28,000 பாக்கி, மாதாமாதம் மினிமம் கட்டிவருகிறேன். ஊரில் மச்சானின் வீட்டுக் கடனுக்கு மாதம் 2,000 அனுப்புகிறேன். மகனுக்கு 2 வயது. 25 ஆண்டு கல்விச் சேமிப்புத் திட்டம் ஒன்றும் சொல்கிறார்கள். மகளை அந்தப் பள்ளியில் சேர்க்கலாமா?

பதில்: முன்பணத்தைக் கட்டாதீர்கள். புதிதாகச் சேரும் பிள்ளைக்கு 10 சதவிகிதம் வரை கேட்பார்கள், உங்களுக்கு 4,200. கட்டிவிட்டு மனம் மாறினால் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

பள்ளியை விடுங்கள், முதலில் அட்டையைப் பாருங்கள். மாதம் மூன்றரை சதவிகிதம் என்று வைத்தால் 28,000-க்கு வட்டி 980. பாக்கியில் 5 சதவிகிதம் என்று வைத்தால் நீங்கள் கட்டும் மினிமம் 1,400; அதில் அசலுக்குப் போவது வெறும் 420. ஆண்டுக்கு வட்டி மட்டும் 11,000-ஐ ஒட்டி வரும். அதாவது கிட்டத்தட்ட மகளின் இப்போதைய பள்ளிக் கட்டணத்தை வங்கிக்கும் ஒருமுறை கட்டுகிறீர்கள்! பாக்கி இருக்கும்வரை புதிதாகத் தேய்க்கும் தொகைக்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடும். அந்த அட்டையில் டெர்ம் (பருவக்) கட்டணத்தைத் தேய்க்கிறீர்கள் என்றால் அதை இன்றோடு நிறுத்துங்கள்.

அடுத்து மச்சான். உங்கள் கடன் 42 சதவிகித வட்டியில் ஓடும்போது, அவருடைய ஒற்றை இலக்க வட்டிக் கடனை நீங்கள் அடைப்பதில் எந்தக் கணக்கும் இல்லை. மனைவியே பேசட்டும்: "ஒரு வருஷத்துக்கு முடியாது." அந்த 2,000-மும் இப்போது கட்டும் 1,400-மும் சேர்ந்து 3,400 மாதாமாதம் அட்டைக்குப் போனால், சுமார் 10 மாதத்தில் பாக்கி தீரும். புதுக் கடன் எதுவும் வேண்டாம்.

அதன் பிறகாவது பிரிட்டிஷ் பள்ளி முடியுமா? கட்டணம் 42,000, பஸ், சீருடை, பயணங்கள் எல்லாம் சேர்த்து 51,000 ஆகும். இப்போது ஆகும் செலவு 17,000 என்று வைத்தாலும் வித்தியாசம் மாதம் 2,800-க்கு மேல். மிச்சமாகும் 3,400-ல் தாங்கும் போலத் தெரியும். ஆனால் மகனும் சீக்கிரமே அங்கே சேர்வான். தவிர, துபாய் தனியார் பள்ளிகளை மேற்பார்வையிடும் அரசு அமைப்பான கே.எச்.டி.ஏ. ஆண்டுதோறும் அறிவிக்கும் கட்டண உயர்வு வரம்பு (2025-26-க்கு 2.35 சதவிகிதம்) அந்தந்த வகுப்பின் கட்டணத்துக்குத்தான். பிள்ளை மேல் வகுப்புக்குப் போகும்போது கட்டணம் தாவுவது தனி. கே.எச்.டி.ஏ. தளத்தில் பள்ளியின் கட்டணத் தாளைத் திறந்து, கடைசி வகுப்புவரை வரிசையாகப் பாருங்கள். பலரும் சேரும் வகுப்பின் கட்டணத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இன்னொன்று: இங்கே ஏப்ரலில் 3-ம் வகுப்புக்கு ஒரு டெர்ம் கட்டிவிட்டு, செப்டம்பரில் அங்கே மறுபடி முதல் டெர்ம் கட்டுவீர்கள்.

ஊர் திரும்பும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் சி.பி.எஸ்.இ.யே வசதி. 9-ம் வகுப்பிலேயே வாரியத் தேர்வுக்குப் பதிவாகிவிடும். 10, 12-ல் வேறு பாடத்திட்டத்திலிருந்து வந்து நுழைவது சிரமம். மாற்றியே ஆக வேண்டுமென்றால் 15,000 முதல் 20,000 வரையிலான சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் கே.எச்.டி.ஏ. ஆய்வில் 'வெரி குட்' தரம் பெற்றதைத் தேடுங்கள். ஆய்வு அறிக்கையின் ஆண்டையும் கவனியுங்கள்; 2024-25-ல் பெரும்பாலான பள்ளிகளில் முழு ஆய்வு நடக்கவில்லை. பழைய மதிப்பெண்ணையே பேனரில் தொங்கவிட்டிருப்பார்கள்.

25 ஆண்டுத் திட்டமா? இந்த வகைத் திட்டங்கள் பலவற்றில் முதல் ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் கட்டும் பணம் முதிர்வுவரை கட்டுண்டு கிடக்கும். நடுவில் நிறுத்தினால் சரண்டர் கட்டணம் பிடிப்பார்கள். துபாய் வேலையில் 25 ஆண்டு இருப்பீர்கள் என்று யார் சொன்னது? அட்டை தீர்ந்த மாதத்திலிருந்து 1,500-ஐத் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டு, அடுத்த ஆண்டுக் கட்டணத்தை அதிலிருந்து கட்டுங்கள்.