சிறாப்பர் பதில்கள்: கொடி கட்டிய வெள்ளி வண்டி

போன இதழில் உண்டியல், அதாவது காசுக்குப் பதிலாகச் சீட்டு அனுப்பும் முறை பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, "பழைய சீனாவில் காசு கொண்டுபோவதற்குக் கூலிக்கு ஆயுதக் காவல் தரும் கடைகள் இருந்தன" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான். சரி, இந்த முறை முழுக்க அதுவே. மாட்டுப்பட்டிக் காணி வழக்கு, கண் பார்வை, பென்ஷன் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: சீனச் சண்டைப் படங்களில் கொடி கட்டிய வண்டி வரும், சுற்றிவர வாள் பிடித்தவர்கள், மலைப்பாதையில் கொள்ளைக்காரர். இப்படி உண்மையில் இருந்ததா, சினிமாக்காரர் கட்டிவிட்டதா?
(நிலாவெளியிலிருந்து ஓர் உயர்தர வகுப்பு மாணவர்)

இருந்தது தம்பி. அந்தக் கடைகளுக்குச் சீனத்தில் பியாவ்ஜு என்று பெயர். வணிகச் சரக்குக்கு ஆயுதக் காவல் போனது சிங் பேரரசர்களுக்கு முந்திய மிங் பேரரசர் காலக் கடைசியிலேயே உண்டு. பெயர்ப்பலகை, கணக்குப்பிள்ளை, சம்பள ஆட்கள் என்று ஒழுங்கான தொழிலாகக் கொடி கட்டிப் பறந்தது சிங் பேரரசர் காலத்தில், 18ஆம் 19ஆம் நூற்றாண்டுகளில். ஜாங் ஹெய்வூ என்ற குஸ்திக்காரர் பெய்ஜிங்கில் முதற்கடை திறந்தார் என்று ஒரு பரம்பரைக் கதை சொல்வார்கள். அதைக் கதையாகவே வைத்துக்கொள்வோம்.

ஏன் தேவைப்பட்டது என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில்: வெள்ளி. அங்கே பெரிய கொடுக்கல் வாங்கல் எல்லாம் வெள்ளிக் கட்டியில். அளவுக்கு லியாங் என்று பெயர், ஒரு லியாங் ஏறக்குறைய 37 கிராம். ஒரு நடுத்தர வியாபாரி பத்தாயிரம் லியாங் அனுப்புகிறார் என்று வை. 370 கிலோ வெள்ளி! 50 லியாங் கட்டிகளாக எண்ணினால் 200 கட்டி. அதை மடியில் கட்டிக்கொண்டு போக முடியாது, கோவேறு கழுதையிலோ வண்டியிலோதான் ஏற்ற வேண்டும். ஷான்சி மாகாணத்துப் பிங்யாவ் நகரத்திலிருந்து பெய்ஜிங் சுமார் 600 கிலோமீட்டர். இடையில் மலை. அந்த ஷான்சிக்காரர்கள் ரஷ்ய எல்லையில் கியாக்தா வரை தேயிலை கொண்டுபோய் விற்றவர்கள். 1727 ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்த எல்லைச் சந்தை பெரிதாகப் பெரிதாக, வழியில் போய்வரும் சரக்கும் வெள்ளியும் பெருகின. கள்ளருக்கும் இதெல்லாம் தெரியும்.

முன் வண்டியில் கடையின் பெயர் எழுதிய கொடி. அதற்கும் முன்னால் ஒரு கூவல்காரர். "ஹெ வூ" என்று நீட்டி இழுத்துக் கத்திக்கொண்டு போவார். ஊர் எல்லை, பாலம், காட்டு வளைவு என்று எங்கே ஆள் மறைந்திருக்கலாமோ அங்கே குரல் கூடும். களவு போகக்கூடிய சாமானை ஊருக்கெல்லாம் கத்திச் சொல்லிக்கொண்டு போவானா என்று உனக்குத் தோன்றும். அதற்குப் பதில் மூன்றாவது கேள்வியில் வருகிறது.

இரவுக்கு அவர்களிடம் கண்டிப்பான விதிகள் இருந்தன. புதிதாகத் திறந்த சத்திரத்தில் தங்கக் கூடாது. முதலாளி மாறிய சத்திரத்தில் தங்கக் கூடாது. தாசிகள் இருக்கும் இடத்தில் தங்கவே கூடாது. தங்கிய இடத்தில் ஆயுதம் உடம்பை விட்டு நீங்கக் கூடாது, உடுப்பைக் கழற்றக் கூடாது, வண்டியும் மிருகமும் முற்றத்தை விட்டு வெளியே போகக் கூடாது. ஆற்றுவழிக் காவலுக்குப் போனவர்கள் பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பார்கள், ஓடத்தை விட்டு இறங்கமாட்டார்கள். உன் படத்தில் இதையெல்லாம் காட்டமாட்டார்கள். பத்துப் பேர் சட்டையோடு படுத்துத் தூங்குவதை யார் காசு கொடுத்துப் பார்ப்பது?

கே: காசு தொலைந்தால் யார் கட்டுவது? காவல்காரனா, காசுக்காரனா?
(மூதூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்)

கடைதான் கட்டும், டீச்சர். முழுதாக. அனுப்புகிறவரும் கடையும் முதலில் ஒரு சீட்டு எழுதிக்கொள்வார்கள்: என்ன சாமான், எவ்வளவு, எங்கே போய்ச் சேர வேண்டும், கூலி என்ன. சாமானின் பெறுமதியும் வழியின் தூரமும் ஆபத்தும் பார்த்துக் கூலி. வெள்ளி மட்டும் போனதாக நினைக்காதீர்கள். கடிதம், உண்டியல் சீட்டு, தானியம், நகைநட்டு, பதவி முடிந்து குடும்பத்தோடு ஊர் திரும்பும் அதிகாரி என்று எல்லாவற்றுக்கும் தனித்தனிக் காவல் இருந்தது. போய்ச் சேர்ந்த இடத்தில் எண்ணிப் பார்த்து ஒப்பம் வாங்கினால் கணக்கு முடிந்தது. குறைந்தால் கடைக்காரர் தலையில். இப்போது பார்த்தால் அது பாதி லொறிக் கம்பனி, பாதி காப்புறுதிக் கம்பனி.

என் தொழில் புத்தி இந்த இடத்தில்தான் நிற்கிறது. கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், காசு பொறுப்பெடுக்கும் சிறாப்பர் வேலைக்குச் சேரும்போது எங்களிடம் பிணை வாங்குவார்கள். பெட்டகத்தில் ஐம்பது ரூபாய் குறைந்தால் அது அரசாங்கத்தின் ஐம்பது ரூபாய் இல்லை, என்னுடைய ஐம்பது ரூபாய். அந்தக் காலத்தில் மூதூருக்குச் சம்பளக் காசு லோஞ்சில் போகும். தகரப் பெட்டி, இரண்டு பூட்டு, ஒரு திறப்பு என் அரைஞாணில், மற்றது அக்கரையில் இருப்பவரிடம். கூட ஒரு பொலிஸ்காரர், கையில் நீளத் துவக்கு. கொட்டியாரக் குடாவில் கடல் கொஞ்சம் எழும்பினால் அவருக்குத் தலை சுற்றும். துவக்கை என் மடியில் வைத்துவிட்டுப் பக்கப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். நான் பெட்டியையும் துவக்கையும் பொலிஸ்காரரையும் சேர்த்துக் காவல் காத்தபடி மூதூர் இறங்குதுறையில் இறங்குவேன். லோஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் பெட்டியில் என்ன இருக்கிறது என்று தெரியும். ஆனாலும் யாரும் தொட்டதில்லை. சும்மா ஆள் தெரிந்த ஊர், அதுதான் காரணம். சீனக் கடைக்காரர்கள் இதையே பெரிய அளவில், திட்டம் போட்டுச் செய்தார்கள் என்று நினைக்கிறேன்.

கே: கள்ளரோடு இவர்களுக்கு உள்ளுக்குள் கூட்டு இருந்திருக்குமோ?
(உவர்மலை வாசகர் ஒருவர். பொலிஸ் பென்ஷனியர் என்றும் குறிப்பிட்டிருக்கிறார்)

உங்கள் மூக்கு நல்ல மூக்கு, ஐயா. கூட்டு என்பதை விட உறவு என்று சொன்னால் பொருந்தும்.

பெய்ஜிங்கில் ஹுய்யோவ் என்று ஒரு பெரிய கடை, 1845இல் தொடங்கியது. லி ஹொங்ஜாங் போன்ற பெரிய அமைச்சரின் வீட்டுக்கே காவல் கொடுத்த கடை. அதில் இளவயதில் சேர்ந்து வேலை பார்த்த லி யாவ்சென் என்பவர் முதுமையில் தன் நினைவுகளைச் சொல்லியிருக்கிறார். வழியில் கொள்ளைக்கூட்டம் மறித்தால் முதலில் வாளை உருவமாட்டார்களாம். தலைமைக் காவல்காரர் முன்னால் போய்க் கும்பிட்டுப் பேசுவார். "யார் வீட்டுச் சோறு தின்கிறாய்?" என்று கள்ளன் கேட்பான். "நண்பர்கள் வீட்டுச் சோறு" என்று இவர் சொல்வார். "யார் உடுப்பு உடுத்திருக்கிறாய்?" "நண்பர்கள் உடுப்பு." அதாவது, நீ இருப்பதால்தான் எனக்குப் பிழைப்பு என்று கள்ளனிடமே ஒப்புக்கொள்வது! அதில் பொய்யும் இல்லை. கள்ளர் இல்லாத நாட்டில் காவல் கடைக்கு என்ன வேலை?

பேச்சு சரியாகப் போனால் வழி விடுவார்கள். அந்தக் கள்ளர் தலைவன் பிறகு ஏதாவது அலுவலாகப் பெய்ஜிங் வந்தால் கடைதான் அவனைத் தங்கவைத்துச் சோறு போட்டுப் பத்திரமாக அனுப்பிவைக்கும். கொடியும் கூவலும் எதற்கு என்று இப்போது விளங்கியிருக்கும். "இன்ன கடை வருகிறது, நமக்குத் தெரிந்தவர்கள்" என்று காட்டுக்குள் இருப்பவனுக்கு முன்கூட்டியே அறிவிப்பதுதான் அது. பேச்சுக்கு மசியாத கூட்டம் வந்தால் சண்டைதான், அதற்கும் ஆள் தயார். வாள், ஈட்டியோடு துவக்கும் பழகியிருந்தார்கள். ஆனால் அடிக்கடி சண்டை பிடிக்கிற கடைக்கு யார் வெள்ளி கொடுப்பார்கள்? அடிபடாமல் போய்வருகிற கடைக்குத்தான் பெயர்.

பொலிஸ் கண்ணால் பார்த்தால் இது குற்றத்துக்கு உடந்தை. நான் காசு எண்ணியவன். போன பெட்டி குறையாமல் வந்ததா என்றுதான் பார்ப்பேன்.

கே: அவர்கள் குடிப்பார்களா?
(பாலையூற்று. பெயர் போட வேண்டாம் என்கிறார்)

முகத்தில் மூன்று பங்கு சிரிப்பு, வழக்கில் மூன்று பங்கு விட்டுக்கொடுப்பு, குடியில் மூன்று பங்கு மட்டும். அவர்களுடைய தொழில் விதி இது. பத்துக்கு மூன்று என்று கணக்கு. உங்கள் கணக்கு வீட்டில் தெரியுமா?

கே: இந்தத் தொழிலில் முஸ்லிம்கள் யாராவது இருந்தார்களா?
(கிண்ணியாவிலிருந்து ஒரு வாசகர்)

நிறையப் பேர். சீனாவின் ஹுய் முஸ்லிம்களிடம் குஸ்தி, வாள் வித்தை தலைமுறை தலைமுறையாக வந்தது. காவல் தொழிலிலேயே மிகப் பெயர் பெற்றவரும் ஹுய் முஸ்லிம்தான். வாங் ஜெங்யி என்பது பெயர், ஊர் முழுக்கக் கூப்பிட்டது "பெருவாள் வாங் வூ" என்று. பெய்ஜிங்கில் யுவான்ஷுன் என்ற காவல் கடையின் சொந்தக்காரர்.

அவர் பிறந்த ட்சாங்ஜோவ் பகுதி பெருங்கால்வாய்க் கரையில் இருக்கிறது. அந்த ஊருக்குள் நுழைந்தால் எந்தப் பெரிய கடையின் கூவல்காரரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும், கொடியையும் இறக்கிவிட வேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்தது. வீட்டுக்கு வீடு குஸ்தி வாத்தியார் இருக்கிற ஊரில் போய் நெஞ்சு நிமிர்த்தினால் வம்பு.

வாங் வூவுக்கு டான் சிடோங் என்ற படித்த இளைஞர் நெருங்கிய கூட்டாளி, வாள் பழகியதும் இவரிடம். 1898இல் அரசைச் சீர்திருத்தப் புறப்பட்டவர்களில் அந்த இளைஞரும் ஒருவர். நூறு நாள் ஓடிய அந்தச் சீர்திருத்தத்தை அரசமாதா ட்சுஷி ஒரே அடியில் கவிழ்த்தார். தப்பி ஓட வாய்ப்பிருந்தும் டான் ஓடவில்லை. செப்டம்பர் 28இல் ஆறு பேரின் தலையை வெட்டினார்கள், அவர் தலையும் அதில் ஒன்று. வாங் வூ அவரைக் காப்பாற்ற முயன்றார் என்று சொல்வார்கள். இரண்டு வருடம் கழித்து, 1900இல் எட்டு வெளிநாடுகளின் கூட்டுப் படை பெய்ஜிங்குக்குள் புகுந்த கலவரத்தில் வாங் வூவும் கொல்லப்பட்டார்.

கே: எங்கள் பக்கம் இப்படி எதுவும் இருந்ததில்லையா? எல்லாப் பெருமையும் சீனாக்காரனுக்கா?
(தம்பலகாமத்திலிருந்து, கொஞ்சம் கோபமாக)

கோபம் வேண்டாம். இலங்கையின் பதவியா, வகல்கட பக்கத்துத் தமிழ்க் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஐந்நூற்றுவர் என்ற பெரிய வணிகக் குழு தங்கள் ஊர்களை வீரபட்டினம், அதாவது ஆயுதக் காவலுள்ள வணிக ஊர் என்று அறிவித்திருக்கிறது, அவர்களுக்குச் சொந்தமாகவே ஆயுதம் தாங்கிய வீரர்கள் இருந்திருக்கிறார்கள். உங்களுக்கு இன்னும் கிட்ட வேண்டுமென்றால், 11ஆம் நூற்றாண்டு மன்னர் முதலாம் விஜயபாகு காலத்தில் கந்தளாய்ச் சிவன் கோயிலுக்கு ஒரு பிராமணப் பெண் கொடுத்த அறக்கட்டளையை வேளைக்காரர் என்ற போர்வீரர் படையின் பாதுகாப்பில் விட்டதாகக் கல்வெட்டு இருக்கிறது. சீனக் கடைகளுக்கும் எழுநூறு வருடம் முந்தியது இது.

ஆனால் ஒன்று. நம்முடைய வணிகர் தங்கள் காவலைத் தாங்களே வைத்திருந்தார்கள். இன்றைக்கு இவருக்கு, நாளைக்கு அவருக்கு என்று எந்த வணிகரும் கூலி கொடுத்து எடுக்கலாம், தொலைந்தால் கட்டுவோம் என்று தனிக் கடை போட்டது சீனத்தில்தான். அந்தப் பெருமையை அவர்களுக்குக் கொடுப்பதில் நமக்கு ஒன்றும் குறையாது.

கே: இவ்வளவு நன்றாக நடந்த தொழிலை எந்தக் கள்ளன் முடித்தான்?
(சாம்பல்தீவு)

கள்ளன் முடிக்கவில்லை. கடதாசி முடித்தது, மிச்சத்தை ரயில் முடித்தது.

1823 அளவில் பிங்யாவில் ரிஷெங்சாங் என்ற கடை திறந்தது. அதற்கு முன் அவர்கள் சாயம் விற்றவர்கள். பெய்ஜிங் கிளையில் வெள்ளியைக் கட்டு, சீட்டை வாங்கு, பிங்யாவ் கிளையில் சீட்டைக் காட்டி வெள்ளியை எடு. நாட்டுக்கோட்டைச் செட்டிமார் நடத்திய உண்டியலேதான். அவர்களுடைய சங்கேதத்தைப் படித்தபோது எனக்குக் கை துடித்தது. பன்னிரண்டு எழுத்தில் ஒரு வசனம்: "கள்ளச் சீட்டில் ஏமாறாதே, எழுத்தையும் முத்திரையையும் உற்றுப் பார்க்க மறவாதே" என்ற கருத்து. ஒவ்வொரு எழுத்தும் ஒரு மாதம். சீட்டில் ஐந்தாம் எழுத்து இருந்தால் ஐந்தாம் மாதம். தேதிக்கும் தொகைக்கும் இதேபோல வேறு வசனங்கள், அவற்றை அவ்வப்போது மாற்றியும் விடுவார்கள். என் காலத்தில் எங்களுக்கு இப்படி ஒரு வசனம் தந்திருந்தால் எத்தனை இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

உடனே காவல் கடைகள் சாகவில்லை. கிளைகளுக்கு இடையே கணக்குத் தீர்க்க வெள்ளி போகத்தானே வேண்டும்? பிங்யாவில் துங்சிங்குங் என்ற காவல் கடையே 1855இல்தான் திறந்தது. அப்புறம்தான் அடிமேல் அடி: 1872இலிருந்து சீனக் கம்பனியின் நீராவிக் கப்பல், 1896இல் அரசாங்கத் தபால், 1906இல் பெய்ஜிங்கிலிருந்து ஹன்கோவ் வரை ரயில். வண்டிக்கு வாரக்கணக்கான தூரம் ரயிலுக்கு ஓரிரு நாள். பேரரசும் 1912இல் போனது, பிறகு கள்ளன் கையில் புதுத் துவக்கு. யார் வீட்டுச் சோறு என்று கேட்கிற கள்ளன் இல்லை அவன். துங்சிங்குங் 1913இல் மூடியது, ஹுய்யோவ் 1921இல்.

ஆட்கள் பணக்கார வீடுகளிலும் கடைகளிலும் காவலுக்குப் போனார்கள், சிலர் வித்தை சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார்கள். மேலே சொன்ன லி யாவ்சென் 1930களில் சீனாவின் 29ஆம் படைக்கு வாள் வீச்சுப் பழக்கினார். 1933இல் பெருஞ்சுவரின் ஷிஃபெங்கோவ் கணவாயில் ஜப்பானியரை இரவில் வாளோடு போய்த் தாக்கியது அந்தப் படைதான். பிங்யாவ் நகரம் 1997இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ரிஷெங்சாங் கடையும் துங்சிங்குங் கடையும் இப்போது நூதனசாலைகள், போகிறவர்கள் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம்.