பாஸ் மீனுக்கு எந்தத் தூண்டில்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: டெக்சாஸ், பிளேனோவில் இருக்கிறோம். பத்து வயது மகன் பக்கத்து வீட்டுப் பையனைப் பார்த்துவிட்டு, பாஸ் பிடிக்கப் போகலாம் என்று தினமும் நச்சரிக்கிறான். பெரிய கடை ஒன்றுக்குப் போனோம். சுவர் முழுக்க ராடுகள். விற்பனையாளர் 220 டாலருக்கு ஒரு பெய்ட்காஸ்டர் செட்டைக் காட்டி, "பத்து பேரிங், பாஸ் மீனுக்கு இதுதான்" என்றார். நான் ஒதுக்கி வைத்தது 100 டாலர். எதை வாங்குவது?

பதில்: வாங்காமல் திரும்பி வந்தீர்களே, அதுவே பாதி வேலை முடிந்தது.

பெய்ட்காஸ்டர் மோசமான ரீல் இல்லை. பாஸ் போட்டிகளில் கலந்துகொள்பவர்கள் கையில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். ஆனால் அதில் லூரை (செயற்கை இரையை) வீசும்போது தூண்டில் நரம்பு சுற்றிய உருளையே சேர்ந்து சுழலும். லூர் காற்றில் வேகம் குறைந்த பிறகும் உருளை தன் பாட்டுக்குச் சுற்றினால், வெளியே போக வழியில்லாத நரம்பு உள்ளேயே குவிந்து இடியாப்பம் ஆகிவிடும். கட்டைவிரலை உருளைமேல் வைத்து அதை அடக்கப் பழக வேண்டும். கால் அவுன்ஸுக்கும் குறைந்த எடையுள்ள லூர் என்றால் பழகியவருக்கே சிரமம். முதல் நாளே அதைப் பையன் கையில் கொடுத்தால், அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பான், நீங்கள் சிக்கெடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

உங்களுக்குத் தேவை ஸ்பின்னிங் ரீல். அதில் வீசும்போது உருளை அசையாது, நரம்பு அதன் விளிம்பு வழியாக உருவிக்கொண்டு போகும். 2500 அளவு போதும். ராடு ஆறரையிலிருந்து ஏழடிக்குள், மீடியம் பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன். இந்த இரண்டு சொல்லையும் கடையில் குழப்பியடிப்பார்கள். எவ்வளவு பாரத்துக்கு வளையும் என்பது பவர். எங்கே வளையும் என்பது ஆக்‌ஷன். ஃபாஸ்ட் என்றால் நுனி மட்டும் வளையும், ஸ்லோ என்றால் மீன்காரர் வீட்டு மூங்கில் கழி மாதிரி நடுவரை வளைந்து கொடுக்கும்.

கைப்பிடிக்குச் சற்று மேலே பொடி எழுத்தில் இரண்டு வரி அச்சடித்திருக்கும். ஒன்று லூரின் எடை, மற்றது நரம்பின் பலம். "1/8 – 5/8 அவுன்ஸ், 6 – 12 பவுண்ட்" என்பதுபோல. என்னைக் கேட்டால் முழு ராடிலும் முக்கியமான இடம் அதுதான். நீங்கள் வீசப்போகிற லூர் அந்த எடைக்குள் இருந்தால் 50 டாலர் ராடு கூட அழகாக வீசும். வெளியே போனால் 300 டாலர் ராடும் உதவாது. ஒரு அவுன்ஸ் 28 கிராம் என்று நினைவு வைத்துக்கொண்டால் போதும்.

இதைப் படிக்காமல் மாட்டிக்கொண்டவன் நான். பல வருடங்களுக்கு முன் இணையத்தில் "13 பேரிங், உயர்தர கார்பன்" என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு செட் வாங்கினேன். ராடு ஹெவி பவர். நான் வீசியதோ ஐந்து கிராம் லூர். வீசின இடத்திலேயே, காலடியில் விழுந்தது. பேரிங் எண்ணிக்கையை மட்டும் வைத்து ரீலின் தரத்தை அளக்க முடியாது. நல்ல பேரிங் ஐந்து இருக்கும் ரீல், மட்டமான பேரிங் பதின்மூன்று இருக்கும் ரீலைவிட நன்றாக ஓடும். அதேபோல ராடில் கார்பனின் தரம் என்று ஐ.எம்.6, ஐ.எம்.7 என்றெல்லாம் போட்டிருப்பார்கள். எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் அதில் கிடையாது, ஒருவர் ஏழும் இன்னொருவர் ஏழும் ஒன்றல்ல.

கடையில் பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். கைப்பிடியை மெதுவாகச் சுற்றினால் கரகரப்பு இருக்கக் கூடாது. டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடியை) தளர்த்தி நரம்பை இழுத்தால் வெட்டி வெட்டி வராமல் ஒரே சீராக வர வேண்டும். ராடின் வளையங்களுக்குள் சிறு பஞ்சை விட்டு ஓட்டுங்கள், எங்காவது இழை சிக்கினால் அந்த வளையத்தில் விரிசல் இருக்கிறது. பழைய ராடு வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

60, 70 டாலருக்குள் ராடும் ரீலும் சேர்ந்த நல்ல செட் கிடைக்கும். ராடு மட்டும் தனியாக என்றால் அக்லி ஸ்டிக் வகை, சிறுவர்களுக்கு நான் துணிந்து சொல்வது. கிராஃபைட்டும் கண்ணாடி இழையும் கலந்தது, கொஞ்சம் கனம், ஆனால் அடி தாங்கும். ராடுகளுக்குத் தண்ணீரில் வரும் கண்டத்தைவிட, காரின் கதவிலும் மின்விசிறியிலும் வருவது அதிகம்.

மகனுக்கு ஆறு வயது என்றால் மூடிய மூக்குள்ள, பொத்தானை அழுத்தி வீசுகிற ஸ்பின்காஸ்ட் ரீலைச் சொல்லியிருப்பேன். ஜெப்கோ 33 அந்த வகையில் பழம் தின்று கொட்டை போட்டது, 1954-இலிருந்து வருகிறது. அந்தக் கம்பெனி ஒரு காலத்தில் எண்ணெய்க் கிணறுகளுக்கு வெடி செய்துகொண்டிருந்தது. ஓக்லஹோமா, டல்சாவில் இருந்த ஜீரோ அவர் பாம்ப் கம்பெனியின் சுருக்கம்தான் ஜெப்கோ. ஆர். டி. ஹல் என்பவர், மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுபவர் அசையாத நூற்கண்டிலிருந்து நூலை உருவுவதைப் பார்த்து அந்த வகை ரீலுக்கு யோசனை பிடித்தாராம். உங்கள் பையனுக்குப் பத்து வயது, அரை மணி நேரத்தில் ஸ்பின்னிங் ரீல் பழகிவிடுவான்.

இதற்கும் முன்னால் ஒன்று. டெக்சாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறை, தூண்டிலை ஏழு நாள்வரை இரவல் தரும் திட்டம் ஒன்றைச் சில பூங்காக்களில் நடத்துகிறது. ஒரு வாரம் எடுத்துப் பாருங்கள். பையனுக்கு ஆசை வடிந்துவிட்டால் 100 டாலர் மிச்சம். பதினேழு வயதுக்குக் கீழே உரிமம் வேண்டாம். உங்களுக்கு வேண்டும், ஆனால் மாநிலப் பூங்காவுக்குள் கரையில் நின்று பிடித்தால் உங்களுக்கும் வேண்டாம். டெக்சாஸில் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வசித்திருந்தால் விசா எதுவானாலும் உள்ளூர்க்காரர் கட்டணம்தான். தெரியாமல் வெளியூர்க் கட்டணம் கட்டிய நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள்.

கேள்வி: ராலே நகரில் இருக்கிறேன். லூர் வாங்கியே 150 டாலர் போய்விட்டது. பெட்டி நிறைய வானவில் நிறங்கள். ஐந்து சனிக்கிழமை போயும் ஒரு பாஸ் கூடக் கடிக்கவில்லை. எந்த லூரை விட்டுவிட்டேன்?

பதில்: எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று எழுதவில்லையே! சனிக்கிழமை டிபன் முடித்து, காபி குடித்து, பதினோரு மணிக்குக் கரையில் நின்றிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். கோடையில் அந்த நேரத்தில் பெரிய பாஸ் கரையோரம் அதிகம் இருக்காது. விடிகிற நேரமும் பொழுது சாய்கிற நேரமும்தான் உங்களுடையவை. வசந்தத்தில் தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும்போது முட்டையிடக் கரைக்கு வரும், அப்போது பகலிலும் கிடைக்கும். அப்புறம், பாஸ் மறைந்திருந்து பாய்கிற மீன். விழுந்த மரம், படகுத்துறைத் தூண், பாசி ஓரம் இவற்றை ஒட்டி வீச வேண்டும். நடு ஏரியை நோக்கித் தூரமாக வீசுவது பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

இனி லூர். பெட்டியை ஒரு வருடம் மூடி வையுங்கள். மூன்றே வகை போதும்.

முதலாவது ஐந்து அங்குல மென்பிளாஸ்டிக் புழு, சென்கோ வகை. நடுவில் தூண்டில் முள்ளைக் குத்தி, வீசி, சும்மா விடுங்கள். இரண்டு முனையும் துடித்தபடி கீழே இறங்கும். பெரும்பாலும் இறங்கும்போதே கவ்விவிடும். நரம்பு ஒரு பக்கமாக ஓடுவதைத்தான் கவனிக்க வேண்டும், கையில் தட்டும் என்று காத்திருந்தால் தவறவிடுவீர்கள். எதுவும் செய்யத் தெரியாதவர் கையிலும் மீன் பிடிக்கும் லூர் இது ஒன்றுதான். ஒரே குறை, பிய்ந்துவிடும். பத்து புழு உள்ள பாக்கெட் எட்டு டாலர் என்றால், ஒவ்வொரு மீனுக்கும் ஒரு புழு காலி. புழுவின் நடுவில் சிறிய ரப்பர் வளையம் மாட்டி, முள்ளை அந்த வளையத்துக்குள் விடுங்கள். ஒரு புழு நாலைந்து மீன் வரை தாங்கும். குழாய் சாமான் கடையில் வளையம் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது, தூண்டில் கடையில் அதற்கே விலை வேறு. பிய்ந்த புழுவைத் தண்ணீரில் எறியாமல் சட்டைப்பையில் போட்டு வந்துவிடுங்கள்.

மண்புழுவுக்குப் பதில் பிளாஸ்டிக் புழு என்ற இந்த வியாபாரத்தைப் பரப்பியவர் ஓஹையோ, ஏக்ரனைச் சேர்ந்த நிக் கிரீம். 1949-இல் வீட்டு அடுப்பில் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்துப் பார்த்தவர். இன்று கடைகளில் இருக்கும் ஆயிரம் நிறங்களும் அந்த அடுப்பின் வாரிசுகள். தெளிந்த தண்ணீருக்குப் பச்சையும் பழுப்பும் கலந்த நிறம், கலங்கிய தண்ணீருக்குக் கறுப்பும் நீலமும். மற்ற நிறங்கள் எல்லாம் நம் கண்ணுக்கு.

இரண்டாவது, 3/8 அவுன்ஸ் வெள்ளை ஸ்பின்னர்பெய்ட், சுழலும் தகடு மாட்டிய லூர். காற்று அடித்துத் தண்ணீர் சலசலக்கிற நாளில் இதை வீசிச் சீராகச் சுற்றிக்கொண்டே இருந்தால் போதும். மூன்றாவது, நீர்மட்டத்தில் மிதந்து தண்ணீரைத் துப்பும் பாப்பர், விடியற்காலைக்கு. இதில் மும்முனை முள் இருக்கும், குழந்தைகள் கூட வந்தால் குறடால் முள்ளின் எதிர்முனையை (குத்தியதைக் கழலவிடாத சிறு செதிலை) நசுக்கிவிடுங்கள்.

கேள்வி: கனடா, ஸ்கார்பரோவில் இருக்கிறேன். கடையில் நைலான், ஃப்ளுரோகார்பன், பிரெய்டு என்று மூன்று வகை நரம்பு. எங்கள் ஊரில் தங்கூஸ் ஒன்றுதான். எதைச் சுற்றுவது?

பதில்: உங்கள் ஊர்த் தங்கூஸ்தான் நைலான். 8 அல்லது 10 பவுண்ட் வாங்கி இந்த வருடத்தை ஓட்டுங்கள். விலை குறைவு, இழுத்தால் சற்று நீளும், அதனால் அவசரப்பட்டு வெட்டி இழுத்தாலும் முள் பிடுங்கிக்கொண்டு வராது. பழசானால் சுருள் சுருளாக நிற்கும், ஆண்டுக்கொரு முறை மாற்றுங்கள். ஃப்ளுரோகார்பன் தண்ணீரில் அவ்வளவாகத் தெரியாது, கல்லில் உரசினாலும் தாங்கும், ஆனால் முரடு. பிரெய்டு நீளவே நீளாது, மெலிசாக இருந்துகொண்டு பாரம் தாங்கும். அதை வெறும் உருளையில் சுற்றினால் முழுச் சுற்றும் வழுக்கும், அடியில் கொஞ்சம் நைலான் சுற்றிவிட்டு அதன்மேல் கட்டுங்கள்.

ஒன்ராறியோவில் பாஸ் பருவம் இடத்துக்கு இடம் மாறும், தெற்கில் பல பகுதிகளில் ஜூனில்தான் தொடங்குகிறது. உங்கள் வலயத்தின் தேதியைப் பார்த்துவிட்டுப் போங்கள். டேக்கிள்ஷேர் என்ற திட்டத்தில் சில நூலகங்கள் தூண்டிலை இலவசமாக இரவல் தருகின்றன.

கேள்வி: சிங்கப்பூரில் பீகாக் பாஸ் பிடிக்க அமெரிக்க பாஸ் செட் சரிப்படுமா?

பதில்: சரிப்படும். பெயரில்தான் பாஸ், பிறப்பில் அது தென்னமெரிக்காவிலிருந்து வந்த, நம் ஜிலேபி மீனுக்குத் தூரத்துச் சொந்தம். மீடியம் ராடு, 2500 அல்லது 3000 ரீல், 20 பவுண்ட் பிரெய்டு, முனையில் இரண்டடி கனமான ஃப்ளுரோகார்பன். நீர்த்தேக்கங்களில் அனுமதித்த இடங்களில் மட்டும், செயற்கை இரையால் மட்டுமே பிடிக்கலாம் என்பது பி.யு.பி. (சிங்கப்பூர் நீர்வாரியம்) விதி, ஆகவே ரொட்டி, புழு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். அதே தண்ணீரில் தோமான் என்ற பெரிய விரால் வகை இருக்கும். அதன் பல்லுக்கு மெல்லிய நரம்பு ஒரு பொருட்டே இல்லை.

கேள்வி: அண்ணன் அமெரிக்காவிலிருந்து வருகிறார். செங்கல்பட்டுப் பக்கம் விரால் பிடிக்கத் தவளை லூர் வாங்கி வரச் சொல்லலாமா?

பதில்: தாராளமாக. பாஸ் மீனுக்காகச் செய்த உள்ளீடற்ற ரப்பர் தவளை, விராலுக்கென்றே செய்தது போலப் பொருந்தும். முள் இரண்டும் முதுகோடு ஒட்டியிருப்பதால் அல்லி இலைமேலும் ஆகாயத்தாமரைமேலும் சிக்காமல் வழுக்கி வரும். ஆனால் மேலே பிளேனோக்காரருக்குச் சொன்ன ராடு இதற்கு ஆகாது. மீடியம் ஹெவி ராடு, 40 பவுண்ட் பிரெய்டு வேண்டும், இல்லாவிட்டால் விரால் கொடிக்குள் புகுந்து உட்கார்ந்துவிடும். பாய்ந்ததும் வெட்டி இழுக்காதீர்கள். மூச்சு ஒன்று விட்டு, நரம்பு விறைத்த பிறகு இழுங்கள்.

ஏரி குத்தகைக்கு விட்டிருந்தால் குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. மழைக்காலத்தில் சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் மேலே மிதந்தால் அடியில் தாய் தகப்பன் காவல் இருக்கும். தவளையை வீசினால் உடனே பாயும்தான், நான் அங்கே வீசுவதில்லை.

வாங்கும்போது தவளையைத் தண்ணீருக்குள் பிதுக்கிப் பார்த்து, குமிழி முள் வெளியே வரும் துளையில் மட்டும் வந்தால் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூக்கிலோ வயிற்றுத் தையலிலோ வந்தால் வேண்டாம், பத்து வீச்சில் தண்ணீர் குடித்து மூழ்கிவிடும்.