இலையுதிர் காலத்தில் வீடும் வளவும்: ஒன்ராறியோவிலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

புரட்டாதி பிறந்து இரவுகள் குளிரத் தொடங்கினால் எனக்கு வரும் கேள்விகளும் கூடிவிடும். இந்தக் கிழமை வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் சொல்லும் நாட்கணக்கு கனடாவின் தென் ஒன்ராறியோவுக்கு. ஏரிக்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு முதல் உறைபனி கொஞ்சம் பிந்தி வரும். வடக்கே போகப் போக முந்தும். வானிலை பார்க்கும்போது பகல் வெயிலை விட்டுவிட்டு இரவுக் குளிரைப் பாருங்கோ. செடிகளுக்கு அதுதான் கணக்கு.

ஸ்காபரோ: அக்கா, என்ர கறிவேப்பிலை இடுப்பளவு வளர்ந்து நிக்குது. எப்ப உள்ளுக்கு எடுக்கோணும்? போன வருஷம் உள்ளுக்கு வச்ச ஒண்டு ஒரு மாசத்தில இலை முழுக்கக் கொட்டிச் செத்துப்போச்சு.

இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கும் கிழமையே எடுங்கோ. எங்கள் பக்கம் அது அநேகமாகச் செப்ரெம்பர் பின்பாதி. உறைபனி வரட்டும் என்று பார்த்திருக்கக் கூடாது. எடுப்பதற்கு முன் ஒரு கிழமை நிழலில் வையுங்கோ. வெளிச்சம் குறைவதற்கு மரம் பழகிக்கொள்ளும்.

செத்துப்போனதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலை கொட்டியதால் அது செத்திருக்காது, தங்கச்சி. முழு வெயிலில் நின்ற மரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தால் அதற்குக் கிடைக்கும் வெளிச்சம் பல மடங்கு குறைந்துவிடும். ஹீட்டர் காற்று ஈரத்தையும் உறிஞ்சிவிடும். இரண்டும் சேர்ந்தால் மரம் இலையைக் கொட்டத்தான் செய்யும். அதைக் கண்டு பதறி, தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றுகிறோம், பசளையும் போடுகிறோம். இலையில்லாத மரம் தண்ணீரை இழுக்காது. ஈரம் சாடிக்குள் தேங்கி வேர் அழுகிவிடும். விண்டரில் வீட்டுக்குள் சாகும் கறிவேப்பிலைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் சாகின்றன.

அதனால் விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கோ. காய்ந்திருந்தால் மட்டும் ஆறுதலாக, அடியால் வடியுமட்டும் விட்டு, தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கோ. மார்ச் வரை பசளை வேண்டாம். தெற்குப் பார்த்த யன்னல் நல்லது. சூடான காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். உள்ளே எடுக்கும் நாளில் இலையின் அடிப்பக்கம் வரை தண்ணீர் பீச்சிக் கழுவி, சோப்புத் தண்ணீர் தெளியுங்கோ. தண்டில் பழுப்பு நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் செதில் பூச்சியை நகத்தால் சுரண்டி எடுக்கலாம். மற்றச் செடிகளிடமிருந்து இரண்டு கிழமை தள்ளியே வையுங்கோ.

இலை எல்லாம் போனாலும் எறிய வேண்டாம். தண்டை நகத்தால் லேசாகக் கீறினால் உள்ளே பச்சை தெரியும். பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது.

பிராம்ரன்: அக்கா, வணக்கம். சென்னையிலிருந்து வந்து ரெண்டு வருஷம் ஆகுது. பெரிய தொட்டியில முருங்கையும் மல்லிகையும் வச்சிருக்கேன். உள்ள இடம் ரொம்பக் கம்மி. என்ன பண்றது?

தம்பி, முருங்கையை விண்டரிலும் இலை பறிக்கும் ஆசையோடு யன்னலோரம் வைக்காதேங்கோ. நீண்டு மெலிந்து, வெளிறிப்போகும். உள்ளே எடுக்கும் நேரம் இலையெல்லாம் உருவிக் கறிக்கு எடுத்துவிட்டு, தண்டை முழங்கால் உயரத்துக்கு வெட்டுங்கோ. பிறகு பேஸ்மன்ட்டில் குளிரான மூலையில் வைத்துவிடலாம். இருட்டாக இருந்தாலும் பரவாயில்லை. மாதத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பைத் தண்ணீர் போதும். ஏப்ரலில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் துளிர்க்கும்.

இருக்கிற ஒரே யன்னலை மல்லிகைக்குக் கொடுங்கோ. மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டு, குளிர்ச்சியும் வெளிச்சமும் உள்ள இடத்தில் வைத்தால் போதும்.

மார்க்கம்: அன்ரி, அயல் வீட்டு மேப்பிள் இலை முழுக்க எங்கட பின்வளவிலதான். பிள்ளையளுக்குக் குவியலில குதிக்கச் சந்தோசம், எனக்கு அள்ளி முடியேல்லை. கடதாசிப் பை வாங்கியே காசு கரையுது.

பையில் கட்டித் தெருவோரம் வைக்கும் அந்த இலைதான் வருகிற வைகாசியில் நீங்கள் கடையில் காசு கொடுத்து வாங்கப்போகும் பசளை, பிள்ளை. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் பூவரசம் குழையையும் பனையோலையையும் தேடி வாங்கி மண்ணில் தாழ்த்தியது எதற்கு? சத்துக் கொடுக்கவும், மண்ணில் ஈரம் தங்கவும். இங்கே குழை தானாக வந்து வளவில் விழுகிறது. அதை அனுப்பிவிட எனக்கு மனம் வருவதில்லை.

பிள்ளைகள் குதித்து முடியட்டும். பிறகு காய்ந்த இலைக்கு மேலால் புல்வெட்டும் இயந்திரத்தை இரண்டு தரம் ஓட்டுங்கோ. குவியல் நன்றாகச் சுருங்கிவிடும். முழு மேப்பிள் இலை ஒன்றோடொன்று படிந்து பாய் விரித்ததுபோல் மண்ணை மூடிவிடும், தண்ணீரும் காற்றும் இறங்காது. தூளாக்கினால் அந்தச் சிக்கல் இல்லை. தக்காளி, மிளகாய் நின்ற பாத்திகளில் நான்கு அங்குல உயரத்துக்குப் பரப்பிவிட்டால் ஸ்னோவுக்குக் கீழே மண்புழு மிச்ச வேலையைப் பார்க்கும். மரத்தின் அடியோடு ஒட்டக் குவிக்காதேங்கோ. பட்டை அழுகும், எலி வந்து கடிக்கும். மிஞ்சியதைக் கம்பி வலையால் வட்டமாக ஒரு கூடு கட்டி, மூலையில் போட்டு நனைத்து வையுங்கோ. ஒன்று இரண்டு வருடத்தில் கறுத்துப் பொருபொருவென்று காட்டு மண் வாசத்தோடு வரும். விதை முளைக்கப்போட அதைவிட நல்ல மண் எனக்குத் தெரியாது.

புல்லின்மேல் மட்டும் தடிப்பாக விடக்கூடாது. வேலியோரத்தில் ஒரு பகுதியை வெட்டாமல், கிளறாமல் அப்படியே விட்டுவிடுங்கோ. அந்துப்பூச்சிக் கூடுகளும் மின்மினிப் புழுக்களும் விண்டரைக் கழிப்பது அதற்குள்தான். ஆடி மாத இரவில் மின்மினி பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு இதைக் காரணத்தோடு சொல்லிக் கொடுக்கலாம்.

கறுப்பு வால்நட் மர இலையை மாத்திரம் தக்காளிப் பாத்தியில் போட வேண்டாம். அதிலுள்ள ஜக்லோன் என்ற நச்சுப்பொருள் தக்காளிக்கு ஆகாது. அதை மட்டும் பையில் கட்டிவிடுங்கோ.

ஸ்காபரோ: எங்கட வீட்டு மேப்பிள் இலையில தார் தெளிச்ச மாதிரிக் கறுப்புப் புள்ளி. மரத்தை வெட்டோணுமோ?

வேண்டவே வேண்டாம். அது தார்ப்புள்ளி என்னும் பூஞ்சணம், நோர்வே மேப்பிளில் அதிகம். பார்க்க வடிவில்லை, ஆனால் மரத்துக்குப் பெரிய கெடுதி இல்லை. விழும் இலையைக் கூட்டி அகற்றினால் அடுத்த வருடம் குறையும். அந்தக் கறுப்புப் புள்ளி மேப்பிளில்தான் பிடிக்கும், மரக்கறிகளுக்குத் தொற்றாது.

எஜாக்ஸ்: உள்ளியை இந்த மாசத்தில நடலாம் எண்டு சொல்லுகினம். ஸ்னோ விழப்போற நேரத்தில நட்டு என்ன பிரயோசனம்?

இந்த நாட்டுத் தோட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த வேலையைக் கேட்டிருக்கிறீர்கள். உள்ளிக்குக் குளிர் வேண்டும். நீண்ட குளிரைக் கண்டால்தான் நட்ட பல்லு பல பல்லாகப் பிரியும். குளிர் காணாவிட்டால் பிரியாமல் ஒற்றை உருண்டையாக நின்றுவிடும். ஐப்பசியில் நட்டால் நிலம் உறைவதற்கு முன் வேர் பிடித்துவிடும். பிறகு ஸ்னோவுக்குக் கீழே பேசாமல் கிடந்து, மற்றப் பாத்திகளில் ஒன்றுமே இல்லாத ஏப்ரலில் பச்சையாக எழும்பும்.

ஒக்ரோபர் நடுவிலிருந்து நவம்பர் முதல் கிழமை வரை நடலாம். கடைச் சமையல் உள்ளி வேண்டாம். முளைக்காமல் இருக்க மருந்து போட்டிருக்கக்கூடும், எங்கள் குளிருக்குப் பழகாத இனமாகவும் இருக்கலாம். உழவர் சந்தையில் நடுத்தண்டு கடினமாக உள்ள இனம் கேட்டு வாங்குங்கோ. 'மியூசிக்' என்ற இனம் ஒன்ராறியோவில் நன்றாக வரும்; பல்லுப் பெரிது, உரிக்கவும் சுகம். நடும் நாளில்தான் பல்லைப் பிரிக்க வேண்டும், தோல் உரிக்கக் கூடாது. கூர்ப்பக்கம் மேலே பார்க்க, இரண்டு அங்குல ஆழம், ஆறு அங்குல இடைவெளி. மேலே அந்த மேப்பிள் இலைத்தூளை நான்கு அங்குலத்துக்கு மூடுங்கோ.

ஆனியில் நடுவால் ஒரு பூந்தண்டு சுருண்டு வரும். அதை ஒடித்துவிட வேண்டும், அப்போதுதான் கிழங்கு பெருக்கும். ஒடித்ததைச் சின்னதாக வெட்டித் தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்து பாருங்கோ. யூலை பின்பாதியில் கீழ் இலைகள் மஞ்சளாகும்போது கிண்டலாம். பெரிய பற்களை அடுத்த நடுகைக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் குசினிக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒட்டாவா: ரியூலிப் கிழங்கு நட்டா அணில் கிண்டித் தின்னுது. வேற என்ன வழி?

ஆறு அங்குல ஆழத்தில் நட்டு, மண் மூடியதும் மேலே கோழிக்கூட்டு வலையை விரித்துக் கல் வையுங்கோ. நிலம் உறைந்தபின் அணிலால் கிண்ட முடியாது. கிழங்கின் காய்ந்த தோலை அந்த இடத்தில் சிந்தாதேங்கோ. அணிலுக்கு வழி காட்டுவது அந்த மணம்தான். சுற்றிவர டாஃபோடில் நடலாம். அது நச்சுக் கிழங்கு, அணில் தொடாது. உங்கள் பக்கம் எங்களைவிடக் குளிர் முந்துவதால் ஒக்ரோபரிலேயே முடித்துவிடுங்கோ.

அணிலுக்குப் பயந்து கைவிட வேண்டாம். உங்கள் நகரத்துக்கு அந்தப் பூ வந்த வரலாறே எங்களைப் போன்றவர்களுக்கு நெருக்கமானது. போரால் இடம்பெயர்ந்த நெதர்லாந்து அரச குடும்பத்துக்கு ஒட்டாவா அடைக்கலம் கொடுத்தது. 1943இல் இளவரசி மார்கிரீட் அங்கேதான் பிறந்தார். அந்த நன்றிக்காக 1945இல் நெதர்லாந்து ஒரு இலட்சம் கிழங்கு அனுப்பியது.

மார்க்கம்: தக்காளி இன்னும் பச்சையாத் தொங்குது. குளிர் வரப்போகுதாம்.

உறைபனி எச்சரிக்கை வந்த பின்னேரமே எல்லாவற்றையும் பறியுங்கோ. பழுக்க வெயில் தேவையில்லை, அறைச்சூடு போதும். கடதாசிப் பையில் ஒரு பழுத்த அப்பிளோடு போட்டு வைத்தால், அப்பிளில் இருந்து வரும் எதிலீன் வாயு பழுக்க வைக்கும். காயம் பட்டதைச் சேர்க்காதேங்கோ. மிகச் சின்னவை பழுக்காது, பருப்போடு போட்டுக் கூட்டு வையுங்கோ.

ஸ்காபரோ: சாடியில கார்த்திகைப்பூ வச்சனான். ஆவணியில நல்லாப் பூத்துது. இப்ப கொடி மஞ்சளாகுது.

ஊரில் மழைக்காலத்தில், கார்த்திகையில் பூப்பது இங்கே கோடையில் பூக்கிறது. அதற்கு வேண்டிய சூடு இங்கே அப்போதுதான். மஞ்சளாவது நோயில்லை, கிழங்கு உறங்கப் போகிறது. தண்ணீரை நிறுத்தி, கொடி காய்ந்தபின் கையால் மெதுவாக மண்ணை விலக்கி எடுங்கோ. கிழங்கின் நுனியில்தான் முளை இருக்கும். நுனி ஒடிந்தால் அடுத்த வருடம் வராது. உலர்ந்த மரத்தூளில் புதைத்து 10 முதல் 15 பாகைக்குள் வையுங்கோ, மார்ச்சில் திரும்ப நடலாம்.

கிழங்கில் கொல்சிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. பார்வைக்குச் சமையல் கிழங்குபோல இருக்கும் என்பதால் பெட்டியில் பெரிதாக 'நஞ்சு' என்று எழுதி, பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். தொட்டபின் கை கழுவுங்கோ.

மிசிசாகா: அம்மா ஊரிலயிருந்து வந்து மூண்டு மாசம். பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டாகப் போகுதெண்டு கேட்டதிலயிருந்து பயப்படுறா. வளவுக்கும் வாறேல்லை. இந்தக் காலத்தை எப்பிடி அவவுக்குப் பிடிக்க வைக்கிறது?

அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மிகக் குறுகிய பகல்கூட ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம். இங்கே மார்கழியில் ஒன்பதுதான். நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளியதும் ஐந்து மணிக்கே பொழுது சாயும். அதற்கு முன்னுள்ள கிழமைகளை வீணாக்காதேங்கோ.

வெயில் எறிக்கும் மத்தியானம் ஒன்றில், கம்பளிச் சட்டையும் மப்ளரும் போட்டு, ரூஜ் தேசிய நகரப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. ஸ்காபரோ ஓரம்தான், கட்டணம் இல்லை. தூரம் போக முடியுமென்றால் அல்கொன்குயின் பூங்கா; ஏறத்தாழ மூன்று மணி நேர ஓட்டம். சீனி மேப்பிள் உச்சமாகச் சிவப்பது அங்கே செப்ரெம்பர் கடைசி, ஒக்ரோபர் முதல் கிழமை. சனி ஞாயிறில் சனம் நிறைந்துவிடும் என்பதால் வாகன அனுமதியை முன்கூட்டியே எடுங்கோ.

அம்மாவிடம் காரணத்தையும் சொல்லுங்கோ. பச்சையம் கரைந்ததும், இலைக்குள் முன்பே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல; இலை விழுமுன் தன்னிடம் மிஞ்சிய சீனியைக்கொண்டு அதைப் புதிதாக உண்டாக்குகிறது. பகல் வெயிலும் இரவுக் குளிரும் நன்றாக அமைந்த வருடத்தில் அதிகம் சிவக்கும். தோட்டம் செய்த கை உள்ளவர்களுக்கு இப்படியான விளக்கம் பிடிக்கும்.

வீட்டுக்குள் அவவுக்கென்று ஒரு பயிர் கொடுங்கோ. தட்டில் இரண்டு அங்குல மண் போட்டு, இரவு ஊறிய வெந்தயத்தைத் தூவி யன்னலோரம் வைத்தால் மூன்று கிழமையில் கீரை வெட்டலாம். பத்து நாளுக்கு ஒரு தட்டு என்று விதைத்துக்கொண்டு வந்தால் விண்டர் முழுக்க அவவுக்கு வேலை இருக்கும். அந்தக் கீரையைப் பருப்போடு சமைக்கிற பொறுப்பும் அவவுடையதாகவே இருக்கட்டும். அப்படியும் கிழமைக்கணக்காகச் சோர்ந்து, சாப்பாடு, நித்திரை குறைந்தால் குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கோ. வெளிச்சக் குறைவால் வரும் மனச்சோர்வுக்குச் சிகிச்சை இருக்கிறது.

எஜாக்ஸ்: புது வீடு வாங்கினம். வெளிப் பைப்புக்கு ஏதும் செய்யோணுமோ?

கட்டாயம். பேஸ்மன்ட்டில் அந்தக் குழாய்க்கு உள்வால்வு இருக்கும். அதைப் பூட்டிவிட்டு வெளிப் பைப்பைத் திறந்து, உள்ளே நின்ற தண்ணீர் முழுக்க வடியட்டும். தண்ணீர் உறையும்போது பெருக்கும். குழாய் சுவருக்குள்ளேயே வெடிக்கும். ஹோஸைக் கழற்றிச் சுருட்டிக் கராஜில் வையுங்கோ. ஒக்ரோபர் முடியுமுன் செய்துவிடுங்கோ. ஆனால் அன்று காலை உள்ளி நட்டுத் தண்ணீர் விட்டு முடித்த பிறகு.