சென்னை–சிங்கப்பூர்: தூரமும் பறக்கும் நேரமும் – கேள்வி பதில்

கேள்வி: சார், டிக்கெட்டில் புறப்பாடு இரவு 11.15, சேருவது காலை 6.05 என்று இருக்கிறது. கிட்டத்தட்ட ஏழு மணி நேரமா?

பதில்: இல்லை. இரண்டும் அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 6.05 என்றால் சென்னையில் அப்போது அதிகாலை 3.35. ஆக, பயணம் 4 மணி 20 நிமிடம்தான். திரும்பும்போது இதுவே தலைகீழ்: அங்கே இரவு 8.30க்கு ஏறி நான்கு மணி நேரம் பறந்தால், இங்கே இறங்கும்போது மணி 10 தான்.

கேள்வி: தூரம் 2,920 கி.மீ. என்கிறார்கள். மணிக்கு 850 கி.மீ. வேகம் என்றால் மூன்றரை மணி நேரத்தில் போய்விட வேண்டுமே அண்ணா?

பதில்: கணக்கு சரி, ஆனால் 850 என்பது மேலே சமமாகப் பறக்கும்போது உள்ள வேகம். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. டிக்கெட்டில் போடும் நேரமோ விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே போய் நிற்கும் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்க முறை வரும்வரை வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம். தாமதத்துக்கென்று கொஞ்சம் சேர்த்தும் வைப்பார்கள். அரை மணி தாமதமாகக் கிளம்பியும் சில நாள் ஓரளவு சரியான நேரத்துக்குப் போய்ச் சேருவது அதனால்தான். எந்த ஆசிய நகரத்துக்கும் உத்தேசமாகப் பார்க்க, தூரத்தை 850ஆல் வகுத்து முக்கால் மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: திரும்பி வரும்போது சீக்கிரம் வருகிறதே, ஏன்?

பதில்: காற்று. முக்கியமாக ஜூன் முதல் செப்டம்பர் வரை. தரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் அதே மாதங்களில், தென்னிந்தியாவுக்கு மேலே விமானம் பறக்கும் உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே ஓடும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று இருந்தாலே ஒரு 13 நிமிடம் போய்விடும்.

கேள்வி: திருச்சியோ மதுரையோ தெற்கே இருப்பதால் இன்னும் பக்கம்தானே?

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சிங்கப்பூர் நமக்குத் தெற்கே என்பதைவிடக் கிழக்கேதான் அதிகம். சென்னை இந்த மூன்றில் கிழக்கோரம். திருச்சியிலிருந்து சுமார் 2,980, மதுரையிலிருந்து 3,010 கி.மீ. நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. வீட்டுக்கு எது பக்கமோ அங்கிருந்து ஏறுங்கள்.

கேள்வி: 15ஆம் தேதி 00.40க்கு விமானம். எப்போது கிளம்ப வேண்டும்?

பதில்: 14ஆம் தேதி இரவு 9.40க்கெல்லாம் விமான நிலையத்தில் இருங்கள். 15ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நிற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த டிக்கெட்டுக்குப் பணம் திரும்ப வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கொழும்பு வழியாக மாறிப் போனால் மலிவு. போகலாமா?

பதில்: தூரம் சுமார் 470 கி.மீ. தான் கூடும், நேரத்தைத் தின்பது இடையில் காத்திருப்பது. ஒரே டிக்கெட்டாக இருந்தால் போங்கள். இரண்டு தனி டிக்கெட் என்றால் வேண்டாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. பெட்டியையும் கொழும்பில் நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டிவரலாம். அதற்கு வெளியே வர இலங்கை நுழைவு அனுமதியும் தேவைப்படும்.

கேள்வி: சூரிய உதயம் பார்க்க எந்தப் பக்க ஜன்னல்?

பதில்: போகும்போது இடப்பக்கம். ஆனால் 6.05க்கு இறங்கும் விமானத்தில் கிடைக்காது; அங்கே விடிவதே 7 மணி வாக்கில்தான்.