லிஸ் ட்ரஸ்ஸைப் பிரதமராக்கியது பிரிட்டன் மக்களா?

கேள்வி: 2022இல் ரிஷி சுனக்கை ஒதுக்கிவிட்டு லிஸ் ட்ரஸ்ஸைப் பிரதமராக்கியது பிரிட்டன் மக்களின் விருப்பமா? விரும்பித்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், ஐம்பது நாள்கூட ஆகாமல் ஏன் துரத்தினார்கள்?

கேள்வியில் ஒரு பிழை இருக்கிறது, முதலில் அதைச் சரிசெய்துவிடுகிறேன். நீங்கள் மக்கள் என்று சொல்கிறவர்கள் அந்தத் தேர்தலில் வாக்களிக்கவே இல்லை. அது அப்போது ஆட்சியில் இருந்த கன்சர்வேடிவ் கட்சியின் தலைவர் தேர்தல், அதில் வென்றவரே பிரதமர். வாக்குரிமை இருந்தது அந்தக் கட்சியில் சந்தா கட்டிய உறுப்பினர்களுக்கு மட்டும். அவர்கள் 1,72,437 பேர். நாட்டின் மொத்த வாக்காளர்கள் ஏறத்தாழ நாலே முக்கால் கோடி. ஆயிரத்துக்கு நான்கு பேர்கூடத் தேறாது.

அந்தக் கோடையில் நான் லண்டனின் வடமேற்கு ஓரத்தில்தான் இருந்தேன், இப்போதும் அங்கேதான். என்னிடம் இருப்பது இந்தியக் கடவுச்சீட்டு. காமன்வெல்த் நாட்டுக் குடிமகன் என்பதால் இங்கே பொதுத்தேர்தலில் வாக்களிக்கலாம், 2019இல் வாக்களித்தும் இருக்கிறேன். ஆனால் பிரதமர் யார் என்று முடிவாகிற இந்தத் தேர்தலில் எனக்கு இடமில்லை. அதே நேரத்தில், பிரிட்டனில் வசிக்காத, பிரிட்டிஷ் குடியுரிமையும் இல்லாத ஒருவர் அன்றைய சந்தாவான ஆண்டுக்கு 25 பவுண்டைக் கட்டி, மூன்று மாதம் உறுப்பினராக இருந்திருந்தால் போதும், வாக்குச்சீட்டு அவரைத் தேடிப் போனது. ஊரில் இருக்கும் மாமாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது நான் கதை அளக்கிறேன் என்றார்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் அந்த வாக்குச்சீட்டு இருந்தது. எழுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற நில அளவையாளர். மனைவி இறந்தபிறகு தோட்டமும் கட்சியும்தான் அவருக்கு. எங்கள் வேலியில் படரும் பீன்ஸ் கொடியில் பாதி அவருடையது, காய்ப்பது முழுவதும் எங்களுக்கு. ஆகஸ்ட் மாதம் தபாலில் வந்த உறையைச் சமையலறை மேசையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் யோசித்தார். யோசித்தார் என்பது அவர் சொன்னது. யாருக்குப் போடப்போகிறார் என்பது ஜூலையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

போட்டி எப்படி நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜூலை 7ஆம் தேதி அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன் விலகுவதாக அறிவித்தார். முதல் கட்டம் எம்.பி.க்களுடையது. எட்டுப் பேர் நின்றார்கள், ஒவ்வொரு சுற்றிலும் பின்தங்கியவர்கள் கழன்றுகொண்டே போனார்கள். கடைசிச் சுற்றில் சுனக் 137, ட்ரஸ் 113, பென்னி மார்டன்ட் 105. மார்டன்ட் வெளியேற, மீதி இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வேலை உறுப்பினர்களிடம் போனது. செப்டம்பர் 5ஆம் தேதி முடிவு வந்தது: ட்ரஸ் 81,326, சுனக் 60,399.

அந்த 113ஐ ஒரு நிமிடம் பாருங்கள். அப்போது கட்சிக்கு 357 எம்.பி.க்கள். தினமும் அவரோடு ஒரே அவையில் உட்கார்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குகூட அந்தச் சுற்றில் அவருக்குப் போடவில்லை. இது முதல்முறையும் அல்ல. 2001இல் எம்.பி.க்களின் கடைசிச் சுற்றில் கென்னத் கிளார்க் 59, இயன் டங்கன் ஸ்மித் 54, மைக்கேல் போர்ட்டிலோ 53. ஒரே ஒரு வாக்கில் தப்பிப் பிழைத்த டங்கன் ஸ்மித்தைத்தான் உறுப்பினர்கள் பெரும் வித்தியாசத்தில் தலைவராக்கினார்கள். நாட்டு மக்களுக்கு நன்றாகத் தெரிந்த முகம் கிளார்க்குடையது, ஆனால் அவர் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவாளர். அவரை ஒதுக்க உறுப்பினர்களுக்கு அது ஒன்று போதுமாக இருந்தது. இரண்டே ஆண்டில் எம்.பி.க்களே டங்கன் ஸ்மித்தை இறக்கிவிட்டார்கள். எதிர்க்கட்சித் தலைவர் பதவி என்பதால் அன்று நாட்டுக்குச் சேதமில்லை. 2022இல் ஆளுங்கட்சி.

அப்படியென்றால் பொதுமக்கள் அந்தக் கோடையில் என்னதான் நினைத்தார்கள்? கருத்துக்கணிப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இரண்டு வெவ்வேறு கூட்டத்தைக் கேட்டவை, செய்தித்தாள்கள் அவற்றைக் கலந்து பரிமாறின. உறுப்பினர்களைக் கேட்ட கணிப்புகளில், தயங்கியவர்களைக் கழித்துவிட்டால், ட்ரஸ்ஸுக்கு அறுபது சதவீதத்துக்கு மேல் வந்தது. உண்மையில் கிடைத்தது 57.4. பொதுமக்களைக் கேட்டவற்றில் தெளிவான ஒரு பதிலைக் காணோம். “தெரியாது”, “இரண்டு பேரும் வேண்டாம்” என்றவர்களின் கூட்டம்தான் பெரிது. போட்டி தொடங்கிய புதிதில் ஒரு கணிப்பு நிறுவனம் ஸ்டூவர்ட் லூயிஸ் என்று உலகத்திலேயே இல்லாத ஓர் அரசியல்வாதியைப் பட்டியலில் நுழைத்துப் பார்த்தது. அவரைத் தெரியும் என்று சொல்லவும் ஆட்கள் இருந்தார்கள். அன்றிலிருந்து “மக்கள் ஆதரவு யாருக்கு” என்று எந்தத் தலைப்பைப் பார்த்தாலும் எனக்கு ஸ்டூவர்ட் லூயிஸ் நினைவுக்கு வந்துவிடுகிறார்.

மக்களின் கவலையும் வேறாக இருந்தது. விலைவாசி உயர்வு பத்து சதவீதத்தைத் தொட்டிருந்தது. ஆகஸ்ட் 26ஆம் தேதி எரிசக்திக் கட்டுப்பாட்டு அமைப்பு, சராசரிக் குடும்பத்தின் ஆண்டு எரிவாயு மின்சாரச் செலவு அக்டோபரில் 1,971 பவுண்டிலிருந்து 3,549 பவுண்டாகும் என்று அறிவித்தது. என் மனைவி குளிர்காலத்துக்கு எந்த அறையை மட்டும் சூடாக்குவது என்று அளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தொலைக்காட்சியில் இரு வேட்பாளர்களும் வரியை இன்றே குறைப்பதா, பிறகு குறைப்பதா என்று மோதிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேசியது எங்களிடம் அல்ல, அந்தச் சமையலறை மேசையில் இருந்த உறையிடம்.

அந்த உறைக்கு உரியவர் ஏன் சுனக்கை விரும்பவில்லை? நான் நேராகவே கேட்டேன். இங்கே நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அதற்கு ஒரே பதில்தான் ஓடியது: தோல் நிறம். அது ஒருவர் மனதிலும் இல்லை என்று சொல்ல நான் யார்? இருபது ஆண்டு இந்த நாட்டில் இருப்பவனுக்கு எது எங்கே ஒளிந்திருக்கும் என்று தெரியும். ஆனால் முதல் சுற்றில் நின்ற எட்டுப் பேரில் சுனக், கெமி பேடனாக், சுவெல்லா பிரேவர்மன், நதீம் ஸஹாவி என்று நால்வர் வெள்ளையர் அல்லாதவர்கள். 2024இல் இதே கட்சியின் உறுப்பினர்கள், நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்த பேடனாக்கை ராபர்ட் ஜென்ரிக்கைவிட அதிக வாக்கில் தலைவராக்கினார்கள். நிறத்தை மட்டும் வைத்து இந்தக் கணக்கைப் போட்டால் விடை வராது.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன காரணம் வேறு. “போரிஸின் முதுகில் குத்தியவன் இவன்தான்.” ஜூலை 5ஆம் தேதி நிதியமைச்சர் பதவியைச் சுனக் உதறிய அன்றுதான் ஜான்சனின் அரசு சரியத் தொடங்கியது. ட்ரஸ் கடைசிவரை அமைச்சரவையில் இருந்தார். கட்சிக்காரர்களின் பார்வையில் ஒருவர் துரோகி, இன்னொருவர் விசுவாசி. அடுத்தது வரி. கொரோனா காலத்துக்குப் பிறகு வரியை ஏற்றியது சுனக்கின் கையெழுத்து. மூன்றாவதாக, மனைவி அக்‌ஷதா மூர்த்தி இன்ஃபோசிஸ் பங்கு வருமானத்துக்கு இங்கே வரி கட்டாமல் இருந்தார் என்று அந்த ஏப்ரலில் எழுந்த சர்ச்சை. அது சட்டப்படி சரிதான். ஆனால் சட்டப்படி சரி என்று ஓர் அரசியல்வாதி விளக்கத் தொடங்கினால் பாதி தோற்றுவிட்டார் என்று பொருள். பிறகு அக்‌ஷதாவே, அந்த விளக்கத்தைவிட நேர்மையாக, வரியைக் கட்டுவதாகச் சொன்னார்.

கட்சி உறுப்பினர்கள் கேட்க விரும்பியதை, உடனடி வரிக்குறைப்பை, ட்ரஸ் சொன்னார். சுனக் அதைத் தேவதைக் கதை என்றார். கடன் வாங்கி வரியைக் குறைத்தால் வட்டி ஏறும், வீட்டுக்கடன் வைத்திருப்பவர்கள் தலையில் விடியும் என்று மேடைக்கு மேடை சொன்னார். அவர் சொன்னது சரி என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் அந்த அரங்குகளில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள், வசதியானவர்கள், இங்கிலாந்தின் தெற்கில் வசிப்பவர்கள். கட்சி உறுப்பினர்களைப் பற்றிய ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. அவர்களில் பலர் வீட்டுக்கடனை எப்போதோ அடைத்து முடித்தவர்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் 1998இல் அடைத்துவிட்டார். வட்டி ஏறினால் அவருடைய சேமிப்புக்கு நல்லதுதான்.

எனக்கு அப்படியில்லை. 2020இல் 1.8 சதவீதத்துக்கு இரண்டாண்டு நிலைவட்டியில் கடன் வாங்கியிருந்தேன், மாதத் தவணை 870 பவுண்டு. நவம்பரில் கெடு முடிகிறது. ஆகஸ்டிலேயே புதுப்பித்திருக்கலாம். தலைவர் போட்டி முடியட்டும், நிலைமை தெளியட்டும் என்று ஒத்திப்போட்டேன். செப்டம்பர் 23ஆம் தேதி ட்ரஸ்ஸின் நிதியமைச்சர் குவாசி குவார்டெங் 4,500 கோடி பவுண்டு வரிக்குறைப்பை, பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லாமல் அறிவித்தார். 26ஆம் தேதி பவுண்டின் மதிப்பு டாலருக்கு எதிராக வரலாறு காணாத அளவுக்குச் சரிந்தது. 28ஆம் தேதி ஓய்வூதிய நிதியங்களைக் காப்பாற்ற இங்கிலாந்து வங்கி அரசுப் பத்திரங்களை வாங்கத் தொடங்கியது. நான் கடன் வாங்கியிருந்த நிறுவனம் இணையத்தில் காட்டிய திட்டங்களை ஒரே இரவில் எடுத்துவிட்டது. திரும்ப வந்தபோது 5.9 சதவீதம். மாதம் 1,300 பவுண்டு. வட்டி உலகமெங்கும் ஏறிக்கொண்டிருந்த ஆண்டு அது, முழுப் பழியையும் ட்ரஸ் மேல் போட மாட்டேன். பாதியைப் போடுவேன்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. மக்கள் விரும்பி, பிறகு வெறுக்கவில்லை. ட்ரஸ் வென்ற நாளில் எடுத்த கணிப்பிலேயே பாதிப் பேர் ஏமாற்றம் என்றார்கள், மகிழ்ச்சி என்றவர்கள் கால்பங்குகூட இல்லை. அந்த ஏமாற்றத்துக்கு அப்போது செல்லும் இடம் இல்லை. தவணைக் கடிதம் வீட்டுக்கு வந்தபோது இடம் கிடைத்தது. செப்டம்பர் இறுதியில் யூகவ் நிறுவனத்தின் கணிப்பில் அப்போதைய எதிர்க்கட்சியான லேபர் கட்சி 33 புள்ளிகள் முன்னே நின்றது. அந்த எண் தொகுதியை இழக்கப்போகும் எம்.பி.க்களின் வயிற்றைக் கலக்கியது. தலைவரைத் தேர்ந்தெடுப்பது உறுப்பினர்கள், ஆனால் நாற்காலியிலிருந்து இறக்கக்கூடியவர்கள் எம்.பி.க்கள். பொதுமக்களின் கருத்து வேலை செய்வது அந்த வழியாகத்தான். வாக்குச்சீட்டின்போது அல்ல, அதற்குப் பிறகு.

அதற்குள் நகைச்சுவையும் சேர்ந்துகொண்டது. ஒரு நாளிதழ் ஒரு லெட்டூஸ் கீரையை மேசைமேல் வைத்து, இது முதலில் வாடுமா, பிரதமர் முதலில் போவாரா என்று நேரலை ஓட்டியது. அக்டோபர் 14ஆம் தேதி குவார்டெங் நீக்கப்பட்டார். 20ஆம் தேதி ட்ரஸ் விலகல் அறிவித்தார். கீரை இன்னும் உண்ணும் நிலையில் இருந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு, ஆனால் போட்டியில் வென்றது கீரைதான்.

லேபர் கட்சியிலும் இதே விளையாட்டு உண்டு, ஒருதலையாகச் சொல்லக் கூடாது. 2015 தலைவர் தேர்தலில் மூன்று பவுண்டு கட்டியவர்களும் வாக்களிக்கலாம் என்றார்கள், விவாதம் களைகட்டட்டும் என்று சில எம்.பி.க்கள் இடதுசாரியான ஜெரமி கார்பின் பெயரை முன்மொழிந்து கடைசி நேரத்தில் போட்டிக்குள் இழுத்தார்கள், அவர் 59.5 சதவீதத்தோடு வென்றார். மறு ஆண்டு எம்.பி.க்கள் கவிழ்க்கப் பார்த்தபோது நடந்த தேர்தலில் 61.8. அந்தக் கதை நீளம், வேறு கேள்விக்கு வைத்துக்கொள்கிறேன்.

2022க்கே திரும்புவோம். அக்டோபர் மூன்றாம் வாரத்தில் கன்சர்வேடிவ் உறுப்பினர்களையே மறுபடி கேட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள், இப்போது வாக்களித்தால் சுனக்குக்குத்தான் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் சுனக் பக்கம் தாவியிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, என் தவணை எவ்வளவு ஏறியது என்று கேட்டார். சொன்னேன். வெகுநேரம் கொடியில் காய்ந்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார். இந்தமுறை இணையத்தில் வாக்கெடுப்பாம், கடவுச்சொல் வந்ததும் சுனக்குக்குப் போட்டுவிடுகிறேன் என்றார்.

கடவுச்சொல்லைப் பயன்படுத்தும் வேலையே வரவில்லை. போட்டியிட 100 எம்.பி.க்களின் ஆதரவு வேண்டும் என்று எம்.பி.க்கள் குழு வாசலை உயர்த்தியது. ஜான்சன் ஞாயிறு இரவு ஒதுங்கினார், மார்டன்ட் திங்கள் மதியம் விலகினார், அக்டோபர் 24ஆம் தேதி சுனக் போட்டியின்றித் தலைவர், மறுநாள் பிரதமர். உறுப்பினர்களில் ஒருவரையும் கேட்கவில்லை. ட்ரஸ்ஸைத் தேர்ந்தெடுத்ததற்குக்கூடப் பக்கத்து வீட்டுக்காரர் அவ்வளவு வருந்தவில்லை. “நாட்டின் பிரதமரை என்னைக் கேட்காமல் எப்படி வைக்கலாம்?” என்று என்னிடம் வந்து கொதித்தார். நான் தேநீர் போடப் போனேன்.

2024 பேடனாக் போட்டியில் வாக்குரிமை இருந்த உறுப்பினர்கள் 1,31,680 பேர். அதில் பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. சந்தாவைப் புதுப்பிக்கவில்லை.