தேர்வுப் பிரிவு ஜன்னல்: கேட்டதும் சொன்னதும்

ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையில் உள்ள ஒரு கல்லூரியில் பத்தொன்பது வருடமாகத் தேர்வுப் பிரிவில் இருக்கிறேன். செமஸ்டர் தேர்வு மையத்தை நடத்துவது, ஹால் டிக்கெட், அரியர், மறுமதிப்பீடு, எங்கள் கணினி ஆய்வகத்தில் வெளியார் நடத்தும் தேர்வுகள் என்று எல்லாம் அந்த ஒரு ஜன்னலுக்குத்தான் வரும். கேளுங்கள் என்று சொன்னேன், நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் விதி கொஞ்சம் மாறும். உங்கள் கல்லூரிச் சுற்றறிக்கையையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சிமடம், இரண்டாம் ஆண்டு மாணவி: நவம்பர் தேர்வு முழுக்க மழையில்தான் வருகிறது. பஸ் வராமல் தாமதமானால் உள்ளே விடுவீர்களா சார்?

பொதுவாக அரை மணி நேரம் வரை விடுவோம் தங்கச்சி. பத்து மணித் தேர்வென்றால் பத்தரை. அதற்குப் பிறகு நான் நினைத்தாலும் முடியாது. பத்தரைக்கு முன்னால் ஹாலிலிருந்து யாரையும் வெளியே அனுப்பக் கூடாது என்ற விதியும் இதோடு சேர்ந்ததுதான். கேள்வித்தாளோடு ஒருவர் வெளியே போக, இன்னொருவர் உள்ளே வர, இரண்டும் ஒரே நேரத்தில் நடந்துவிடக் கூடாது.

மழை விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். கலெக்டர் விடுமுறை அறிவித்ததைக் கேட்டதும் வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். அது பள்ளிக்கு மட்டுமா, கல்லூரிக்கும் சேர்த்தா என்று பாருங்கள். கல்லூரிக்கும் விடுமுறை என்றாலும், தேர்வு தள்ளிவைக்கப்பட்டதாகப் பல்கலைக்கழகத் தேர்வாணையர் அறிவித்தால்தான் தள்ளிப்போனதாக அர்த்தம்.

2024 நவம்பர் 20 ஞாபகம் இருக்கும். ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதற்கப்புறம் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். அட்டவணை வந்ததும் தீவிலிருந்து வருகிறவர்களைத் தனியாகப் பட்டியல் போட்டு, ஊருக்கு ஒருவர் நம்பரைக் குறித்துக்கொள்வேன். காலை ஆறு மணிக்கு அந்த நாலைந்து பேரிடம் பேசினால் நிலைமை தெரிந்துவிடும். பாம்பனில் காற்று கூடினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள், பஸ் பெரும்பாலும் ஓடும். ஆகவே தேர்வு நாளில் ரயிலை மட்டும் நம்பாதீர்கள். முடிந்தால் முதல் நாள் இரவே உச்சிப்புளியிலோ ராமநாதபுரத்திலோ சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள்.

பாம்பன், ஒரு மாணவனின் தாயார்: மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் காசே இருக்காது. தேர்வுக் கட்டணத்துக்குத் தவணை உண்டா?

தவணை இல்லை அம்மா. அபராதத்தோடு கட்டக் கூடுதலாகச் சில நாள் கிடைக்கும், அவ்வளவுதான். ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு சிக்கல் இருக்கிறது. விசைப்படகுத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ஏப்ரல் தேர்வுக்கான கட்டணத்தை அதற்கு முன்பே வாங்கிவிடுகிறோம். எப்படியோ கட்டிவிடுகிறீர்கள். மாட்டிக்கொள்வது அதற்குப் பிறகுதான். தேர்வு முடிவு வருவதும், மறுமதிப்பீட்டுக்குக் கெடு வைப்பதும், அடுத்த வருடக் கட்டணம் கேட்பதும் படகு கரையில் கிடக்கும் நாளிலோ, தடை முடிந்து முதல் தடவை கடலுக்குப் போய் வந்து இன்னும் கணக்கு முடியாத நாளிலோதான். நாலு மதிப்பெண்ணில் தவறிய பையன் மறுமதிப்பீட்டுக்குப் பணமில்லாமல் விட்டுவிட்டு, அடுத்த நவம்பரில் அதே பாடத்தை மறுபடி எழுதுவதை வருடா வருடம் பார்க்கிறேன்.

தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வந்ததும் வீட்டுச் செலவு அதை விழுங்கிவிடும், தெரியும். முடிந்தால் ஒரு ஐந்நூறை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். முடியாவிட்டால் கெடு முடிவதற்கு முன்னால் ஜன்னலுக்கு வந்து சொல்லுங்கள். எங்கள் கல்லூரியில் ஆசிரியர்கள் போட்டு வைத்த ஒரு சின்ன நிதி இருக்கிறது. பல கல்லூரிகளில் இப்படி ஒன்று இருக்கும், ஆனால் அறிவிப்புப் பலகையில் ஒட்ட மாட்டார்கள். கேட்டால்தான் தெரியும்.

கீழக்கரை, மூன்றாம் ஆண்டு: மறுகூட்டல், விடைத்தாள் நகல், மறுமதிப்பீடு, எதற்கு முதலில் போடணும்?

நகல். கண்ணை மூடிக்கொண்டு நகலுக்குப் போடுங்கள். மறுகூட்டலில் கூட்டியது சரியா, எதாவது விடை திருத்தாமல் விடுபட்டதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். மறுமதிப்பீடு என்றால் வேறொரு பேராசிரியர் முழுத்தாளையும் மறுபடி திருத்துவார். நகல் கையில் வந்தால் இந்த இரண்டில் எது வேண்டும், எதுவுமே வேண்டாமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பாடம் எடுத்த ஆசிரியரிடம் காட்டி, "இதற்கு நீங்கள் எவ்வளவு போடுவீர்கள்?" என்று கேளுங்கள். அவரே உங்களுக்குக் கிடைத்ததைவிடக் குறைத்துச் சொன்னால் பேசாமல் வந்துவிடுங்கள்.

நகல்களைப் புரட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மதிப்பெண் போவது பெரும்பாலும் ஓரத்தில்தான், அதாவது கேள்வி எண் எழுதும் இடத்தில். 17-அ எழுதிவிட்டு ஓரத்தில் 17-ஆ என்று போட்டிருப்பார்கள். திருத்துகிறவர் முன்னால் ஒரு கட்டுத் தாள் குவிந்திருக்கும். ஆ-வுக்கான விடையைத் தேடுவார், இருக்காது, முட்டை போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். இன்னொன்று, ஒரு கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டு நாலு பக்கம் தள்ளித் தொடர்வது. தொடர்ச்சி எந்தப் பக்கத்தில் என்று ஒரு வரி எழுதினால் போதும், யாரும் எழுதுவதில்லை. கடைசிப் பத்து நிமிடத்தில் புதிதாக ஒரு பத்தி எழுதுவதைவிட ஓரத்து எண்களைச் சரிபார்ப்பது லாபம்.

ஏர்வாடி: என் தம்பிக்குப் பார்வை கிடையாது. இந்த வருடம்தான் பி.ஏ. சேர்ந்திருக்கிறான். அவனுக்குப் பதில் எழுத ஆளை நாங்களே கூட்டி வரலாமா?

வரலாம். 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலை வைத்துச் சொல்கிறேன். 2025-இல் புதிய வழிகாட்டுதல் வந்திருக்கிறது, அதனால் ஆளை முடிவு செய்யும் முன் ஜன்னலில் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். எழுதித் தருகிறவரை நீங்களே கூட்டி வரலாம், அல்லது மையத்தைக் கேட்கலாம். தேர்ந்தெடுப்பது உங்கள் தம்பியின் உரிமை. நீங்கள் கூட்டி வருகிறவர் படிப்பில் அவனைவிட ஒரு படியாவது கீழே இருக்க வேண்டும். மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் உண்டு, மூன்று மணித் தேர்வுக்கு நான்கு மணி. மையம் ஆள் கொடுத்தால், தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே அவரைச் சந்தித்துப் பேச அனுமதிக்க வேண்டும்.

40 சதவீதத்துக்குக் குறைவான குறைபாடு என்பதால் எழுத ஆள் கிடையாது என்று சிலரைத் திருப்பி அனுப்பிய காலம் உண்டு. 2021-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, 2022-இல் அவர்களுக்கும் தனி வழிகாட்டுதல் வந்தது. கையால் எழுத முடியாத சிரமம் உண்மை என்றால், அரசு மருத்துவரின் சான்றோடு கேட்கலாம்.

விதியில் எழுதாத ஒன்றையும் சொல்கிறேன், இது நான் செய்த தப்பு. முதன்முதலில் இப்படி ஒரு மாணவர் வந்தபோது நூலகத்தில் ஒரு மூலையை ஒதுக்கினேன். அவர் சத்தமாகச் சொல்லத் தயங்கினார், எழுதிய பெண் "என்ன, என்ன?" என்று குனிந்து குனிந்து கேட்டாள். மேலே பழைய மின்விசிறி கடகடவென்று ஓடியது. பாதி நேரம் அதிலேயே போயிற்று. இப்போது தரைத்தளத்தில் தனி அறை. விசிறியை முதல் நாளே போட்டுப் பார்ப்பேன். "பத்தி முடிந்தது", "அடிக்கோடு போடு", "கொஞ்சம் இடம் விடு" என்பதற்கெல்லாம் என்ன சொல்வது என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளட்டும். தம்பியைச் சேர்க்கை முடிந்த கையோடு ஒரு நாள் கூட்டி வாருங்கள். கட்டணம் கட்டும்போதே மனு கொடுத்துவிடலாம்.

உச்சிப்புளி, கணினி ஆய்வகப் பொறுப்பாளர்: எங்கள் நிறுவனத்திலும் கணினிவழித் தேர்வு மையம் நடத்தக் கேட்கிறார்கள். எதில் கவனமாக இருக்கணும்?

உப்பில். சிரிக்காதீர்கள் சார். கணினி, சிசிடிவி, யுபிஎஸ் எல்லாம் என்னென்ன வேண்டும் என்று நடத்துகிற நிறுவனமே பட்டியல் தரும். நம் கடற்காற்று அந்தப் பட்டியலில் இருக்காது. ஆறு மாதம் தொடாமல் விட்ட நெட்வொர்க் கேபிளின் முனையை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள், உலோகப் பல்லில் பச்சை படிந்திருக்கும். சும்மா இருக்கும்போது வேலை செய்யும். நூறு பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்ததும் விட்டு விட்டு வரும். யுபிஎஸ் பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். சுரண்டித் துடைத்து வாசலின் தடவுங்கள். மாதம் ஒரு முறை, தேர்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ஜெனரேட்டரை வெறுமனே ஓட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. எல்லாக் கணினியும் ஏசியும் போட்டுவிட்டு, மெயினை அணைத்துப் பாருங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று முன்பே கேட்டு வையுங்கள். நூறு பேருக்குப் பத்துக் கணினியாவது கூடுதலாக வைத்திருப்பது என் வழக்கம்.

அடுத்தது ஆட்கள். பையைக் கொண்டுவராதே என்று எழுதியிருந்தாலும் கொண்டுவருவார்கள். காலை ஐந்து மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி வந்த பிள்ளையிடம் பையை ரோட்டில் போட்டுவிட்டு வா என்று சொல்ல முடியுமா? ஒரு அறையும் டோக்கனும் போதும். கூட வந்த பெற்றோருக்கு நிழல் வேண்டும். வாசலில் கருவேல மரத்தைத் தவிர ஒன்றும் இல்லாத இடத்தில் நாலு மணி நேரம் நிற்பார்கள். தண்ணீர் லாரிக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

தொண்டி: ஐஐடிகளின் இணையவழிப் படிப்பான என்பிடெல் தேர்வில் 62 வாங்கினேன், தேறவில்லை என்கிறார்கள். எப்படி?

மொத்தம் மட்டும் போதாது தம்பி. அசைன்மென்ட்டில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30, இரண்டும் தனித்தனியாக வேண்டும். நீங்கள் அசைன்மென்ட்டைக் கடைசி வாரங்களில் விட்டிருப்பீர்கள். 12 வாரப் படிப்பில் சிறந்த எட்டைத்தான் எடுப்பார்கள் என்பதால் கொஞ்சம் விட்டால் பரவாயில்லை, பாதிக்கு மேல் விட்டால் இப்படித்தான்.

தேவிபட்டினம்: ஆதாரில் ஒரு மாதிரி, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி பெயர் இருக்கிறது. பிரச்சினை வருமா?

வரும். நம் கடற்கரையில் முஹம்மது என்ற பெயரையே ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதுகிறார்கள். இனிஷியல் முன்னால் ஒரு இடத்தில், பின்னால் ஒரு இடத்தில். பல்கலைக்கழகத்துக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்தான் அடிப்படை. அதற்கு ஏற்றாற்போல் ஆதாரை மாற்றிக்கொள்வது சுலபம். கடைசி செமஸ்டருக்கு முன்பே முடித்துவிடுங்கள். பட்டம் அச்சாகி வந்த பிறகு அலைச்சல் அதிகம்.

மண்டபம்: நண்பனின் அப்பாவை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது. நாளைக்கு அவனுக்குத் தேர்வு. வேறு நாள் தருவார்களா?

எழுத்துத் தேர்வை ஒருவருக்காக வேறு நாளில் வைக்க வழியில்லை. வராவிட்டால் ஆப்சென்ட், அடுத்த செமஸ்டரில் எழுதலாம். செய்முறைத் தேர்வென்றால் வழி உண்டு. ஆய்வகத் தேர்வைத் தொகுதி தொகுதியாக நடத்துகிறோம், துறைத் தலைவரிடம் சொன்னால் கடைசித் தொகுதிக்கு மாற்றிவிடலாம். மதியத் தேர்வு என்றால் காலையில் மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போய்விட்டு வரட்டும். அரை மணி தாமதம் வரை பார்த்துக்கொள்கிறோம். எழுத வந்தால் பின்வாசலுக்குப் பக்கத்து இருக்கையாகக் கேட்டால் கொடுப்பேன். வேண்டாம், முடியவில்லை என்றால் விட்டுவிடச் சொல்லுங்கள். ஒரு அரியர் போனால் போகிறது. அவனைத் தனியாக மட்டும் விடாதீர்கள்.

ராமநாதபுரம்: அணைத்து வைத்த போன் பையில் இருந்தாலும் காப்பியடித்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்களா?

ஆமாம். போன் இருப்பதே குற்றம். அணைத்திருந்தது என்று சொல்லி எந்த விசாரணைக் குழுவிலும் தப்பித்தவரை நான் பார்த்ததில்லை. பறக்கும் படை வருவதற்கு முன்னால் நீங்களே எழுந்து அறைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

பெரியபட்டினம், புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர்: அடுத்த வாரம் முதல்முறையாக ஹால் கண்காணிப்பு. ஒரே ஒரு விஷயம் சொல்வதென்றால் என்ன சொல்வீர்கள்?

கடைசி மணி அடித்ததும் யாரையும் எழ விடாதீர்கள். நீங்கள் நடந்து போய் ஒவ்வொரு மேஜையிலும் தாளைக் கையில் வாங்குங்கள். எண்ணுங்கள், வராதவர்களைக் கூட்டுங்கள், மொத்தம் சரியான பிறகுதான் கதவு.

நான் சேர்ந்த இரண்டாவது வருடம் ஒரு ஹாலில் 44 பேர், ஒருவர் வரவில்லை. கையில் இருந்ததோ 42 தாள். கட்டுக்கு அரக்கு வைக்க மெழுகுவர்த்தி ஏற்றியாகிவிட்டது. மறுபடி எண்ணினோம், 42. கூடுதல் தாள்களுக்குள் ஒளிந்திருக்குமா என்று ஒவ்வொன்றாகப் பிரித்தோம். இல்லை. வரிசை எண்ணை வைத்துப் பார்த்ததில் பாம்பன் பையன் ஒருவனுடையது. கேள்வித்தாளுக்குள் விடைத்தாளையும் வைத்து மடித்து எடுத்துப் போயிருக்கிறான், வேண்டுமென்று அல்ல. பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவனை நண்பனுக்குப் போன் போட்டுப் பிடித்தோம். உச்சிப்புளியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தான். தாளைச் சட்டைக்குள் வைத்து, மழையில் நனையாமல் கொண்டுவந்திருந்தான்.

ஆனால் வெளியே போன தாளை வாங்க முடியாது. பல்கலைக்கழகத்துக்கு எழுதினோம். அந்தத் தாள் திருத்தப்படவில்லை. அன்று அந்த ஹாலில் கண்காணிப்பு என்னுடையது. அடுத்த செமஸ்டரில் அவன் அதே பாடத்தை எழுத வந்தபோது நானே கேட்டு அந்த ஹாலுக்குப் போனேன். மணி அடித்ததும் முதலில் போய் நின்றது அவன் மேஜையில்தான்.